சல்லடை மாட்டிய பில்டர்

உதிரிபாகக் கடைத்தெருவில் அவனை எல்லோரும் சல்லடை என்றே அழைத்தார்கள், முகத்துக்கு நேராகவே. பெயர் வைத்தவர் அவனுடைய முதலாளி. புதிதாக ஆயில் பில்டர் சரக்கு வந்து இறங்கினால், அதில் ஒன்றை எடுத்து, தகரம் வெட்டும் கத்தரியால் சுற்றி வெட்டி, உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தை உருவி, ஈரத்துணி காயப்போடுவதுபோல் வாசல் கம்பியில் தொங்கவிடுவான். ஒன்றைக் கொன்றால்தான் மற்றதை நம்பலாம் என்பது அவன் கட்சி.

"நீ விக்கறதுக்கு இருக்கியா, பிரேதப் பரிசோதனை பண்றதுக்கு இருக்கியா?" என்பார் முதலாளி.

"நாளைக்கு ஒருத்தன் இன்ஜின் போச்சுன்னு வந்து நின்னா நீங்களா பதில் சொல்வீங்க?"

"இன்ஜின் போனா இன்ஜின் சாமான் விப்போம்டா. கடைன்னா என்னன்னு நெனச்சே?"

சல்லடை மசியமாட்டான். "ஒரு பில்டர் குடுங்க" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டு யாரும் அவனிடமிருந்து சாமான் வாங்கிப் போய்விட முடியாது. என்ன வண்டி, எத்தனை ஓடியிருக்கிறது, பில்டர் நிமிர்ந்து நிற்கிறதா, தொங்குகிறதா, படுத்திருக்கிறதா? படுத்திருந்தால் உள்ளே நல்ல ரப்பர் வால்வு வேண்டும்; இல்லையென்றால் ராத்திரி எண்ணெய் எல்லாம் இறங்கிவிடும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் வெறும் வயிற்றோடு சுற்றும். இதையெல்லாம் கேட்டுவிட்டு, பில்டரைக் கையில் எடுத்துக் கனம் பார்த்து, காதோரம் வைத்து ஆட்டி, ஓட்டையில் வாய் வைத்து ஊதி, பிறகுதான் தருவான். ஊதிய பில்டரை வாங்க அருவருப்பவர்கள் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். பக்கத்துக் கடைக்காரர் அவன்மேல் மிகுந்த அன்பு வைத்திருந்தார்.

இத்தனைக்கும் அவனிடம் வண்டி கிடையாது. சைக்கிளில் வருவான். சைக்கிளுக்கு பில்டர் இல்லை என்பது அவனுக்கு ஒரு மனக்குறை. அதனால் வாழ்நாளில் ஒரு பில்டரையும் அவன் தன் கையால் மாட்டியதில்லை. இதை அவனிடம் யாரும் கேட்டதில்லை. அவனுக்கும் தோன்றியதில்லை.

கடைக்கு எதிரே அவன் மச்சினனின் ஒர்க் ஷாப். மனைவியின் தம்பி. கை சுத்தமான மெக்கானிக். வாய் அப்படி இல்லை. "எந்த பில்டரா இருந்தா என்ன அத்தான்? நேரத்துக்கு மாத்தினா போதும். நீங்க என்னமோ அதுக்கு இன்டர்வியூ நடத்தறீங்க" என்று ஒருமுறை நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து சல்லடை அவனை மனிதனாக மதிப்பதில்லை. டீ மட்டும் சேர்ந்து குடித்தார்கள்.

இந்த நிலையில்தான் அவன் மனைவி ஒரு பழைய வேன் வாங்கினாள்.

அவள் டாக்ஸி ஓட்டுகிறவள். வருடக்கணக்காக அடுத்தவன் வண்டியை ஓட்டி, மாலையில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் வீடு திரும்புகிறவள். இப்போது தையல் ஆலை ஒன்றில் காலை ஷிப்டுக்குப் பெண்களை ஏற்றிவரும் வேலை கிடைக்கும் போலிருந்தது. பழைய டிரைவர் சாலையைப் பார்ப்பதைவிட உள்கண்ணாடியை அதிகம் பார்க்கிறார் என்று பெண்கள் புகார் சொல்லியிருந்தார்கள். சூப்பர்வைசர் இவளுக்கு ஒரு வாரம் பார்க்கலாம் என்றார். "திங்கக்கிழமை ஆரம்பிங்க. ஏழு மணிக்கு கேட் மூடிடும். ஒரு நாள் லேட்டானாலும் பழைய ஆளையே கூப்பிட்டுக்குவோம்."

இனி யாருக்கும் சாவி கொடுக்கக் கூடாது என்று அவள் முடிவு செய்திருந்தாள். வேன் பழசு, ஆனால் சாவி அவளுடையது.

"ஆயில் மாத்தணும், பில்டர் மாத்தணும்" என்று அவள் சொன்னதும் சல்லடைக்குக் கண் கலங்கிவிட்டது. தன் வீட்டுக்கென்று ஒரு பில்டர்.

தேர்ந்தெடுக்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். சாப்பாட்டு மேஜை முழுக்க வெட்டுண்ட பில்டர்கள். ஒன்றில் மடிப்புகள் நெருக்கமாக இருந்தன, ஆனால் முனைகளில் அட்டை மூடி; சூட்டில் பசை விட்டுவிடும். இன்னொன்றில் தகர மூடி, ஆனால் காகிதத்தில் கஞ்சத்தனம். மூன்றாவது பெரிய கம்பெனிப் பெட்டிக்குள் வந்த போலி. அச்சு மங்கியிருந்தது, வால்வு காய்ந்த தோல்போல் விறைத்திருந்தது.

மனைவி சாப்பாட்டோடு வந்து நின்றாள். "தட்டு வைக்க எடம் இருக்கா, இல்ல இன்னும் ஏதாவது சாகணுமா?"

"உன் வண்டிக்காகத்தான் பாக்கறேன்."

"என்னைப் பாக்க வந்தப்ப இவ்வளவு நேரம் பாக்கலையே."

"அப்ப எனக்கு அனுபவம் இல்ல" என்றான் சல்லடை. அன்று அவன் தட்டை அவனே கழுவ வேண்டியிருந்தது.

நாலாவது பிடித்துவிட்டது. நல்ல கனம். ஒரே சீரான மடிப்பு. விரலால் அழுத்தினால் மெத்தென்று திரும்பும் வால்வு. ஒரே பெட்டியில் வந்த இரண்டை வாங்கி, ஒன்றை வெட்டிப் பார்த்து, மற்றதைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தான்.

"தம்பிகிட்ட குடுத்து மாட்டிடலாமா?" என்றாள் மனைவி.

"அவன்கிட்டயா? சங்கிலி ஸ்பேனர் போட்டு முறுக்கி ரப்பரை நசுக்கிடுவான். நானே மாட்டறேன்."

"உங்களுக்கு மாட்டத் தெரியுமா?"

சல்லடைக்குக் கோபம் வந்தது. தெரியுமா என்று ஒரு கணம் யோசித்ததில் வந்த கோபம். "ஊருக்கே நான்தான் சொல்லிக் குடுக்கறேன்" என்றான். அது பொய் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, குடியிருப்புக்குப் பின்னால் இருந்த சந்தில், முன் சக்கரங்களைப் பலகைமேல் ஏற்றி நிறுத்திவிட்டு, அட்டையை விரித்து அடியில் புகுந்தான். எண்ணெயை வடித்தான். பழைய பில்டர் அசையவில்லை. வெகுநாளாக யாரும் தொடாதது. பேன்ட்டிலிருந்து பெல்ட்டை உருவி அதைச் சுற்றிப் போட்டு இழுத்தான். பில்டர் வருவதற்கு முன் பேன்ட் வந்தது. மேல்மாடியிலிருந்து யாரோ கைதட்டினார்கள். மறுபடி இழுத்தான். பில்டரும் வந்தது, சட்டைக்கைக்குள் முழங்கைவரை கறுப்பு எண்ணெயும் வந்தது.

முறையாகப் பார்த்தால் அடுத்து அவன் செய்ய வேண்டியது, புதியதை மாட்டுவதற்குமுன் பழையது உட்கார்ந்திருந்த இடத்தைத் துடைத்துப் பார்ப்பது. அவனோ பழையதைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து, மீனைக் கிழிப்பதுபோல் கிழித்தான். உள்ளே காகிதம் கூழாகியிருந்தது. பசை போய், மடிப்புகள் ஒரு பக்கம் சரிந்து கிடந்தன. அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். உடனே மச்சினனுக்குப் போன் போட்டான்.

"மாப்ள, நீ பாத்து ஓகே சொன்ன வண்டியோட பில்டர் இப்ப என் கையில இருக்கு. எந்த பில்டரா இருந்தா என்னங்கறியே, வந்து பாரு. நாளைக்கு நானே கொண்டு வந்து காட்டறேன்."

"காட்டுங்க அத்தான். மாட்டற வேலையை ஒழுங்கா முடிச்சீங்களா?"

போனை வைத்துவிட்டான்.

பில்டரின் வாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். இன்ஜினோடு ஒட்டிக்கொண்டு எண்ணெயை வெளியே விடாமல் அடைப்பது அதுதான். புதிய வளையத்தில் விரலால் எண்ணெய் தடவினான். கையால் திருகி, ரப்பர் தொட்டதும் இன்னும் முக்கால் சுற்று. வாடிக்கையாளர்களுக்குச் சொல்வது அப்படியே. புது எண்ணெய் ஊற்றி, மனைவி ஸ்டார்ட் செய்தாள். அடியில் வெள்ளைக் காகிதத்தை நீட்டி எடுத்து அவளிடம் காட்டினான். ஒரு சொட்டு இல்லை.

"எதுக்கும் தம்பியை ஒரு தடவை பாக்கச் சொல்லட்டுமா?"

"இந்தக் காகிதத்தை வேணா அவனுக்குக் குடு" என்றான் சல்லடை.

திங்கள் காலை அவனும் முன்சீட்டில் ஏறிக்கொண்டான். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் கிழித்த பழைய பில்டர். திரும்பும்போது மச்சினன் முகத்துக்கு நேரே நீட்டுவதற்கு. பெண்கள் ஏறினார்கள். காஜா மெஷினில் பட்டன் ஓட்டை போடும் ஒருத்தி, எல்லோருக்கும் காஜா அக்கா, அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவரு யாரு, கிளீனரா?"

"புருஷன்" என்றாள் மனைவி.

"ரெண்டும் ஒண்ணுதானே."

வேன் சிரித்தது. சல்லடை அதைப் பொருட்படுத்தாமல் திரும்பி உட்கார்ந்து, நல்ல பில்டர் என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்தான். "அது வண்டிக்குக் கிட்னி மாதிரிம்மா."

"எங்க வீட்டுக்காரர் கிட்னியையும் ஒரு நாள் வெட்டிப் பாத்துச் சொல்லுங்க. தினமும் ஊத்தறாரு" என்றாள் காஜா அக்கா.

மேம்பாலம் ஏறும்போது மனைவி வேகம் கூட்டினாள். உச்சிக்கு வந்ததும் அவளுக்கு எதிரே டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது. எண்ணெய்ச் சொம்புபோல் ஒரு சின்னப் படம். அவள் அந்தக் கணமே இன்ஜினை அணைத்து, இறக்கத்தில் உருட்டியே கொண்டுவந்து ஓரமாக நிறுத்தினாள்.

"பல்பு கோளாறா இருக்கும்" என்றான் சல்லடை.

அவள் இறங்கிப் பின்னால் கை காட்டினாள். பாலத்தின் உச்சியிலிருந்து வண்டிவரை சாலையில் ஒரு கறுப்புக் கோடு. வண்டிக்கு அடியில் அது குளமாகிக்கொண்டிருந்தது. போனை எடுத்தாள். "தம்பி, ஆயில் எடுத்துக்கிட்டு பாலத்துக்கு வா. ஆமா. அவர்தான் மாட்டினாரு."

மச்சினன் பட்டன் போடாத சட்டையோடு பைக்கில் வந்தான். ஆயில் டப்பாவை இறக்கி வைத்துவிட்டு அடியில் புகுந்து டார்ச் அடித்தான்.

"அத்தான், பழசு எங்க?"

இதற்காகத்தானே சுமந்து வந்தான்? சல்லடை பையைத் திறந்து எடுத்து நீட்டினான். "பாரு, காகிதத்தைப் பாரு. கூழ்."

மச்சினன் காகிதத்தைப் பார்க்கவில்லை. வெட்டிய தகரத்தின் வாயைத் திருப்பி, அதன் வட்டப் பள்ளத்தில் விரலை ஒரு சுற்று ஓட்டினான். பள்ளம் காலியாக இருந்தது.

"இதோட ரப்பர் எங்க அத்தான்?"

சல்லடை முகத்தில் ஈயாடவில்லை. நேற்று மதியத்திலிருந்து அந்தப் பழைய பில்டரைக் கையிலேயே வைத்திருந்தான். இரவு சாப்பிடும்போதுகூடப் பக்கத்தில் வைத்து ரசித்தான். காகிதத்தைப் பார்த்தான், பசையைப் பார்த்தான், ஸ்பிரிங்கைப் பார்த்தான். ரப்பரைக் கோட்டை விட்டுவிட்டான். அது இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அதன்மேல் புதியதை மாட்டியிருக்கிறான். ரப்பர்மேல் ரப்பர். சும்மா நின்றபோது தாங்கியது. வேகமெடுத்ததும் வழுக்கிப் பிதுங்கிவிட்டது. வண்டிக்குக் கீழே எண்ணெயும் மேலே அசடும் வழிந்தன.

"இன்ஜின்?" என்றாள் மனைவி. அவள் கேட்டது அது ஒன்றுதான்.

"நீ ஒடனே அணைச்சதால தப்பிச்சுது. ரப்பரை உரிச்சுட்டு இதையே மாட்டி ஆயில் ஊத்தினா போதும். கொஞ்ச நேரம் குடு." மச்சினன் அத்தானைப் பார்த்து, கூடுமானவரை பணிவாகச் சொன்னான்: "பில்டர் நல்ல பில்டர்தான் அத்தான்."

மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு பெண்களிடம் வந்தாள். "கேட் இந்த ரோட்டுக் கடைசியிலதான். நீங்க நடங்க. உங்களுக்கு லேட் மார்க் விழ வேண்டாம். என் வேலை போனா போகட்டும்."

"ஏன் போகணும்?" என்றாள் காஜா அக்கா. "மறுபடி அந்தக் கண்ணாடிக்காரன் வண்டியிலயா நாங்க ஏறணும்? நாங்க வளைவுவரைக்கும் நடக்கறோம். அங்கேருந்து கேட்டுக்குத் தெரியாது. நீ வந்து எங்களை அள்ளிக்கிட்டு உள்ள போ."

"நான் இங்க இருந்து மாப்ளைக்கு உதவியா..." என்று ஆரம்பித்தான் சல்லடை.

"நீங்க அவங்களோட போங்க. போதும் உதவி" என்றாள் மனைவி.

அவன் நடந்தான். பெண்கள் பைகளை ஒவ்வொன்றாக அவன் தோளில் மாட்டினார்கள். கிளீனர் சும்மா வரக்கூடாதாம். வழியெல்லாம் கிட்னியைப் பற்றிச் சந்தேகம் கேட்டார்கள். ரெண்டு கிட்னியை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் நல்லதா கெட்டதா என்றாள் ஒருத்தி. அவன் அடிக்கடி திரும்பிப் பார்த்தான். சாலை காலியாக இருந்தது. திருமணமாகி இத்தனை வருடத்தில் ஒரு வண்டியின் சத்தத்துக்காக அவன் இப்படிக் காதைத் தீட்டிக்கொண்டதில்லை.

வளைவுக்கு வந்து நின்றார்கள். ஆலையில் முதல் மணி அடித்தது. இரண்டாவது அடித்தால் கேட் மூடிவிடும். காஜா அக்காவே பேச்சை நிறுத்திவிட்டாள்.

பிறகு அந்தச் சத்தம் வந்தது. வேன் முழுவதும் நிற்கும் முன்பே பெண்கள் தொற்றிக்கொண்டு ஏறினார்கள். பைகளோடு சல்லடையையும் யாரோ காலரைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார்கள். வேன் கேட்டுக்குள் நுழைந்தபோது இரண்டாவது மணி அடித்தது. எல்லோருக்கும் வேர்த்துக்கொட்டியது.

சூப்பர்வைசர் உள்ளே எட்டிப் பார்த்தார். எண்ணெய்க் கறையோடு, கழுத்து நிறைய சாப்பாட்டுப் பைகளோடு ஒருவன் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"இந்த ஆள் யாரு?"

"கிளீனர் சார்" என்றாள் மனைவி.

வாரம் முடிந்தது, வேலை அவளுக்கே உறுதியானது. இப்போது வேனுக்கு பில்டர் வாங்குவது சல்லடை, மாட்டுவது மச்சினன். வெட்டிப் பார்க்கத் தடையில்லை, வண்டிக்கு அடியில் போகத்தான் தடை. அந்தப் பழைய ரப்பர் வளையத்தை மனைவி உள்கண்ணாடியில் மாட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் அவனை முன்சீட்டில் ஏற்றிக்கொள்கிறாள். அவன் பில்டரைப் பற்றிப் பேச வாயெடுத்தால் வளையத்தை விரலால் ஒரு சுண்டு சுண்டுவாள். அது ஆடி நிற்கும்வரை அவன் பேசமாட்டான்.

கடையில் அவன் இன்னும் கனம் பார்க்கிறான், ஆட்டுகிறான், ஊதுகிறான். கடைசியில் இப்போது ஒன்று சேர்த்துச் சொல்கிறான்: "பழசைக் கழட்டினதும் மொதல்ல அதோட ரப்பர் அதுலயே வந்திருக்கான்னு பாருங்க. நெறைய பேரு கோட்டை விடற எடம் இது."

"உங்களுக்கு நல்ல அனுபவம் சார்" என்றார் ஒருவர்.

"கேள்விப்பட்டதுதான்" என்றான் சல்லடை.

எதிரே ஒர்க் ஷாப்பில் ஸ்பேனர் ஒன்று கீழே விழும் சத்தம் கேட்டது. வேண்டுமென்றே போட்டதுதான்.