கைப்பைக்குள் இருந்த படிவம்

பாஸ்போர்ட்டை நீட்டும்போது அவர் இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொள்வார். பெரியவர்களிடம் எதைக் கொடுத்தாலும் தங்கள் ஊரில் அப்படித்தான் கொடுப்பார்கள் என்று பிறகொரு நாள் சொன்னார். முதல் நாள் எனக்கு அது தெரியாது. கை வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து, என்ன ஆயிற்று என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் விழித்தார். நானும் விழித்தேன். பிறகு இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். தொண்ணூறுகளின் நடுவில், கோயமுத்தூரில் ஒரு தனியார் கல்லூரியின் அலுவலகத்தில் எழுத்தராக நான் சேர்ந்து மூன்றாவது வருடம் அது. வெளிநாட்டு மாணவர்களின் கோப்புகளை என் மேசைக்குத் தள்ளியிருந்தார்கள். அவர் சூடானின் தென்பகுதியிலிருந்து இயற்பியல் படிக்க வந்தவர். என்னைவிட ஐந்து வயது சின்னவர். அலுவலகத்தில் எல்லோரும் அவரைத் தம்பி என்றோம். அவர் என்னை அக்கா என்றார். அவருடைய பேரை இங்கே எழுதப்போவதில்லை. ஏனென்று பின்னால் சொல்கிறேன்.

கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால் போதும் என்றுதான் வருகிற பிள்ளைகள் எல்லோரும் நினைப்பார்கள். இல்லை. நம் நாட்டில் கால் வைத்துப் பதினான்கு நாட்களுக்குள் காவல் துறையின் வெளிநாட்டவர் பிரிவில் போய்ப் பதிந்துகொள்ள வேண்டும். அங்கே ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். அதில் போட்டிருக்கும் தேதி முடிவதற்குள் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அதற்குக் கல்லூரியின் சான்றிதழ், கட்டணம் கட்டிய ரசீது, தங்கியிருக்கும் முகவரி எல்லாம் வேண்டும். வகுப்புக்கு ஒழுங்காக வர வேண்டும். வேலைக்குப் போகக்கூடாது. கேட்காமல் கல்லூரி மாறக்கூடாது. வீடு மாறினால் எழுத்துமூலம் சொல்ல வேண்டும். அவர் கல்லூரிக்கு வந்து சேர்ந்ததே நாட்டில் இறங்கிய பன்னிரண்டாம் நாள். வழக்கமாகக் கூட்டிப்போகும் ஊழியர் விடுப்பில் இருந்ததால் நானே கூடப் போனேன். திரும்பும்போது பஸ்ஸுக்கு நின்ற இடத்தில், நான் சொன்ன விதிகளை ஒவ்வொன்றாக விரல் மடக்கி ஒப்பித்துக் காட்டினார். ஒன்றுகூட விடவில்லை. "போனபைடு" சான்றிதழ் என்கிறார்களே, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மறுநாள் அகராதியைப் பார்த்துவிட்டு, நல்லெண்ணத்தோடு என்று பொருள் என்றேன். "அப்படியானால் என்னுடைய நல்லெண்ணத்துக்கு நீங்கள்தான் சாட்சியா?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். ஆமாம் என்றேன்.

ஒரே வருடத்தில் தமிழ் பேசக் கற்றுக்கொண்டார். அதுவும் எங்கள் ஊர்த் தமிழ். யாரிடம் எந்த வார்த்தை சொன்னாலும் கடைசியில் ஒரு 'ங்க' ஒட்டியிருக்கும். கல்லூரி வாசலில் படுத்திருக்கும் நாயிடம்கூட "கொஞ்சம் நகருங்க" என்பார். காவலாளி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். ஆனால் தன் ஊரைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். அங்கே போர் நடந்துகொண்டிருந்தது. அப்பா பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பதும், ஒரு மாமாதான் படிக்கவைக்கிறார் என்பதும் விண்ணப்பத்திலிருந்து எனக்குத் தெரியும். முதல் வருட விடுமுறையில் எல்லோரும் ஊருக்குக் கிளம்பியபோது, "நீங்க போகலீங்களா தம்பி?" என்று கேட்டேன். "எங்க ஊருல இப்ப ஊரு இல்லீங்க அக்கா" என்றார். தமிழ் சரியாக வராமல் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்தேன். யோசித்தபோதுதான், அவர் சரியாகவே சொல்லியிருக்கிறார் என்று புரிந்தது.

இரண்டாம் வருடத் தொடக்கத்தில் விடுதியை விட்டு உக்கடத்தில் ஒரு மாடி அறைக்கு மாறினார். கீழே தகரப்பெட்டி செய்யும் பாய் ஒருவரின் பட்டறை. மாறிய இரண்டாம் நாளே முகவரி மாற்றப் படிவத்தை எழுதி எடுத்துக்கொண்டு வந்தார். அதே மாதிரி முழங்கையைத் தாங்கித்தான் கொடுத்தார். "நானே போலீஸ் ஆபீஸ்ல குடுத்துட்டு வரட்டுங்களா அக்கா?" என்று கேட்டார். கல்லூரி முத்திரையோடு போனால்தான் நல்லது. எதற்கு வகுப்பைக் கெடுத்துக்கொள்கிறீர்கள், நான் அனுப்பிவிடுகிறேன் என்றேன். மேசை டிராயரில் வைத்தேன். அது என் கல்யாணத்துக்கு முந்தைய வாரம். சோமனூருக்குப் பக்கத்திலிருந்த எங்கள் வீட்டில் பந்தக்கால் நட்டாகிவிட்டது. பத்திரிகை கொடுக்கவும் புடவை பார்க்கவுமாக அலைந்து, கடைசி நாள் மேசையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன். ஒரு மாத விடுப்பு. படிவம் உள்ளேயே கிடந்தது.

அந்த ஒரு மாதத்தில்தான் எல்லாம் நடந்தது. அவருக்கு மஞ்சள் காமாலை வந்து, மூன்று வாரம் அந்த மாடி அறையில் கிடந்திருக்கிறார். பாயின் மனைவிதான் கஞ்சி வைத்துக் கொடுத்துப் பார்த்துக்கொண்டாராம். காவல் துறை கொடுத்த புத்தகத்தைப் புதுப்பிக்க வேண்டிய தேதி அதற்குள் வந்து போய்விட்டது. காவல் துறையிலிருந்து நினைவூட்டி வந்த கடிதம், அவர்களிடம் இருந்த பழைய முகவரிக்கு, விடுதிக்குப் போனது. இந்தப் பேரில் இங்கே யாரும் இல்லை என்று விடுதி திருப்பி அனுப்பிவிட்டது. பிறகு அவர்கள் கல்லூரியைக் கேட்டார்கள். அலுவலகக் கண்காணிப்பாளர் கோப்பைப் புரட்டிப் பார்த்தார். அதில் புது முகவரி இல்லை. வகுப்பிலும் ஆள் இல்லை. விடுதியைக் காலிசெய்துவிட்டார், வகுப்புக்கு வருவதில்லை, இருப்பிடம் தெரியவில்லை என்று பதில் எழுதினார். வருகைப் பதிவேட்டிலிருந்தும் பேரை அடித்துவிட்டார்கள்.

நான் திரும்பி வந்த காலையில் கண்காணிப்பாளர் கூப்பிட்டார். "ஏம்மணி, உன்ற சூடான் தம்பி இப்புடிப் பண்ணிப்போட்டானே. ஊடு மாறுனா ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? ஆளு ஓடிப்போயிட்டான்னு எழுதிக் குடுத்துப்போட்டேன். இப்ப மெலிஞ்சுபோயி வந்து நிக்கறான்." நான் மேசைக்கு வந்து டிராயரைத் திறந்தேன். படிவம் மேலேயே இருந்தது. அவருடைய கையெழுத்து, தேதி, உக்கடத்து முகவரி, எல்லாம் தெளிவாக. என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. அந்த மாதம்தான் உத்தரவு வர வேண்டியிருந்தது. கல்லூரியில் வேலை பார்க்கும் பெண் என்றுதான் பொள்ளாச்சியில் என்னைக் கட்டியிருந்தார்கள். படிவத்தை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். இரண்டு நாள் கழித்து அவரைக் காவல் துறை அலுவலகத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். அங்கே நேராக அதிகாரியிடமே கொடுத்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதிகாரி கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார். மருத்துவர் கொடுத்த சீட்டைப் படித்தார். "காமாலைங்கறது சரி. அது நம்பக்கூடிய காரணந்தான். ஆனா ஊடு மாறுனதை யாருக்குமே சொல்லாம இருந்தா, ஒளிஞ்சிருந்தீங்கன்னுதானுங்க ஃபைல் பேசும்" என்றார். பிறகு கேட்டார்: "காலேஜுலயாவது எழுதிக் குடுத்தீங்களா? அப்புடிக் குடுத்திருந்தா நான் மேல எழுதறதுக்கு ஒரு புடி கிடைக்கும்." தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டிருந்தேன். என் விரல் ஜிப்பின் மேல் இருந்தது. இழுத்தால் ஒரு விநாடி. அவருடைய கண்ணில் இன்னும் மஞ்சள் போகவில்லை. அந்தக் கண்ணால் என் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், கழுத்தில் புதிதாக இருந்த தாலிக் கொடியைப் பார்த்தார். பிறகு அதிகாரியிடம் திரும்பி, "குடுக்கலீங்க. மறந்துட்டேனுங்க" என்றார்.

அதிகாரி எழுதிக்கொண்டார். நான் ஜிப்பிலிருந்து கையை எடுத்தேன்.

வெளியே வந்து நிறுத்தம் வரைக்கும் நடந்தோம். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால் படிவம் எங்கே என்று அவர் கேட்பாரோ என்ற பயம். அவரோ, "கல்யாணம் நல்லபடியா நடந்துச்சுங்களா அக்கா? நான் வர முடியலீங்க" என்று விசாரித்தார். பஸ் வந்ததும் நான் ஏறிக்கொண்டேன். மறுநாள் விடிகாலையில், புகுந்த வீட்டுத் தண்ணீர் அடுப்பில் தென்னை மட்டையோடு அந்தப் படிவத்தையும் வைத்தேன். அந்த வெந்நீரில்தான் குளித்துவிட்டு வேலைக்குப் போனேன்.

நாட்டை விட்டுப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. கல்லூரி மறுபடி சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டது. மதிப்பெண் பட்டியல் வாங்க வந்தவர் அலுவலகத்தில் ஒவ்வொருவரிடமும் "போயிட்டு வாரேனுங்க" என்று சொல்லிக்கொண்டார். வரப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ரயிலேற்ற பாய்தான் போனார். அடுத்த வாரம் அலுவலகத்துக்கு வந்து, அறையில் கிடந்தது என்று ஒரு நூலகப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். "பையன் எங்கிட்ட சொன்னாம்மா, மாறுன ரெண்டாம் நாளே பேப்பர் குடுத்துட்டேன்னு. எங்கயோ தப்பு நடந்துபோச்சு" என்றார். யாரிடம் கொடுத்ததாகச் சொன்னார் என்று பாய் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டாரா, தெரியாதா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அதே மாதம் என் வேலை நிரந்தரமானது.

ஒரு வருடம் கழித்து நைரோபியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கே ஒரு கல்லூரியில் முயற்சி செய்கிறேன், முடித்த வருடத்தின் பாடத்திட்டத்தை முத்திரையிட்டு அனுப்ப முடியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தார். முதல் வார்த்தை மட்டும் தமிழில் இருந்தது: அக்கா. கோணல்மாணலான எழுத்து. அன்றைக்கே முத்திரை வாங்கி, நானே தபால் நிலையத்துக்குப் போய்ப் பதிவுத் தபாலில் சேர்த்தேன். கூட வைத்த கடிதத்தில், தங்கள் கடிதம் கிடைத்தது, கோரியது இணைக்கப்பட்டுள்ளது என்று இரண்டு வரி தட்டச்சு செய்திருந்தேன். அதற்குக் கீழே இரண்டு விரற்கடை வெள்ளை இடம் இருந்தது. பேனாவை எடுத்தேன், மூடி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவரிடமிருந்து எதுவும் வரவில்லை. சேர்ந்தாரா, படித்தாரா, ஊருக்குத் திரும்பி அந்தப் போருக்குள் போனாரா, உயிரோடு இருக்கிறாரா, ஒன்றும் தெரியாது.

பொள்ளாச்சியிலிருந்து வரும் பஸ் உக்கடத்தில்தான் நிற்கும். விருப்ப ஓய்வு பெறும்வரை தினமும் அங்கேதான் இறங்கினேன். தகரம் தட்டும் சத்தம் தெருவுக்குள்ளிருந்து கேட்கும். பட்டறை போய், அந்தக் கட்டடமும் போய், வேறு கடை வந்த பிறகும் எனக்கு அது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. மற்ற மாணவர்களின் காகிதங்களை நான் ஒருநாள்கூடத் தாமதிக்கவில்லை. தேதி முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே வகுப்பு வாசலில் போய் நின்று கூப்பிடுவேன். நல்ல பொறுப்பான அம்மா என்று பேர் வாங்கினேன். விடைபெறும் விழாவில் அதையே சொல்லிப் பாராட்டினார்கள். சால்வையைப் போர்த்தியபோது, கூட்டத்தின் கடைசி வரிசையில் யாரோ எழுந்து நிற்பதுபோல் இருந்தது. யாரும் நிற்கவில்லை.

என் மகள் இப்போது அமெரிக்காவில் படிக்கிறாள். போன மாதம் பேசும்போது அறை மாறிவிட்டதாகச் சொன்னாள். "பத்து நாளுக்குள்ள அட்ரஸ் மாத்தணும்மா, இல்லீன்னா விசா ஸ்டேட்டஸ் போயிரும். ஆபீஸ்ல ஒரு மேடம் இருக்காங்க, நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க" என்றாள். நான் கத்திவிட்டேன். "அவங்க பாத்துக்க மாட்டாங்க கண்ணு! நீயே போ. அவங்க கம்ப்யூட்டர்ல ஏத்தறதை உன் கண்ணால பாரு. பாக்காம அந்த எடத்தை உட்டு நகராதே!" மகள் பயந்துபோனாள். "ஏம்மா, அந்த மேடம் ரொம்ப நல்லவங்கம்மா" என்றாள். "நானும் நல்லவதான்" என்றேன். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. அவள் அப்பாவிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். கடைசிவரை கேட்டாள். பிறகு, "அவரு பேரென்னம்மா? தேடிப் பாக்கறேன்" என்றாள். அந்தப் பேரில் நிறையப் பேர் கிடைத்தார்கள். படங்கள் அனுப்பினாள். நரைத்த தலைகள், கண்ணாடி போட்ட முகங்கள். ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். இவர் இல்லை என்று தெரியும்போது வருத்தமாக இருந்தது. கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. அந்த ஆறுதல்தான் என்னை உலுக்கியது.

மறுநாள் ஒரு வெள்ளைத்தாளில் எழுதினேன். இந்த மாணவர் முகவரி மாற்றத்தை உரிய காலத்தில் என் கையில் எழுத்துமூலம் கொடுத்தார், நான் அனுப்பவில்லை, கேட்டபோது சொல்லவும் இல்லை. எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். பழைய கண்காணிப்பாளர் இறந்து வெகுநாளாகிறது. என் நாற்காலியில் முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண் இருந்தார். இரண்டு முறை படித்தார். மரியாதையாகத்தான் கேட்டார்: "ஏனுங் மேடம், அந்தக் காலத்து ஃபைலெல்லாம் எப்பவோ அழிச்சாச்சுங்களே. இதை எதுலீங்க வைக்கறது?"

"புதுசா ஒண்ணு போடுங்க" என்றேன்.

இந்தக் குறிப்பில் அவர் பேரை நான் எழுதாததற்குக் காரணம், அது இருக்க வேண்டிய இடம் அந்த ஒரு கோப்புதான் என்பதே. அந்தப் பெண் ஒரு காலிக் கோப்பு அட்டையை எடுத்து, "பேரு இங்கிலீஷ்ல எப்படீங்க எழுதணும்?" என்று கேட்டார். பாஸ்போர்ட்டில் இருந்தபடியே எழுத்து எழுத்தாகச் சொன்னேன். ஓரிடத்தில் தவறாக எழுதினார். அடித்துவிட்டுத் திரும்ப எழுதச் சொன்னேன், எழுதினார்.