குணசேகரன் தம்பதி முடிந்தது

என் மனைவி குந்தவைக்கு இரண்டு விஷயம் அறவே ஆகாது. ஒன்று, செய்த வேலையையே மறுபடி செய்வது. இன்னொன்று, சென்னை ஹாஸ்டல் சாம்பார். கல்யாணத்துக்கு முன்னால் சில வருஷம் அதைச் சாப்பிட்டவள். இன்றைக்கும் பேச்செடுத்தால் முகத்தைச் சுளிப்பாள்.

வேலைக்குப் பயந்தவள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வேலையிலிருந்து தப்பிப்பதற்காக அதைவிடப் பெரிய வேலையை இழுத்துப் போட்டுக்கொள்கிறவள். எங்களுக்குக் குடவாசல் பக்கத்தில் நஞ்சை இருக்கிறது. நான் தினமும் நடந்து போய் மோட்டார் போடுவதைப் பார்த்துவிட்டு, போனில் ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் தானே ஓடுகிற மாதிரி ஒரு பெட்டியை வாங்கி மாட்டினாள். அன்றிலிருந்து நான் நடப்பதில்லை. தொப்பை வந்துவிட்டது. "அதைக் குறைக்க ஒரு பெட்டி மாட்டட்டுங்களா?" என்று அடிக்கடி கேட்பாள். இந்த வாய்க்கு மட்டும் மிஸ்டு கால்கூட வேண்டாம்.

அவளுடைய கம்பெனி சென்னையில். சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. அவள் உட்கார்ந்து வேலை பார்ப்பது குடவாசலில், எங்கள் வீட்டு மாடி அறையில். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணங்களுக்குச் சமையல் கான்ட்ராக்ட் எடுக்கும் அகிலாண்டம் அம்மாளுக்கு அந்தக் கம்பெனி ஒரு ஆப் செய்து கொடுத்திருந்தது. எத்தனை இலை, எவ்வளவு அரிசி என்று கணக்குப் போட்டுக் கொடுக்கும். அதில் ஏதாவது கோளாறு என்றால், இணையத்தில் இருக்கும் ஒயிட்போர்டில் அந்த அம்மாள் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டுவார். குந்தவை அதைப் பார்த்து, கம்பெனியின் நிரல்களெல்லாம் இருக்கும் ரெப்போ என்கிற கிடங்கில் அதே சங்கதியை மறுபடி எழுதுவாள். சென்னையில் இருக்கும் ஷஹ்பாஸ் நிரலைச் சரி செய்வார். அப்புறம் குந்தவை போர்டுக்குத் திரும்பி வந்து சீட்டைக் கடைசிக் கட்டத்துக்கு நகர்த்துவாள். நாளெல்லாம் இதே பிழைப்பு.

மழைக்காலம் வந்தால் எங்கள் ஊர்க் கரண்ட் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். அது போனால் குந்தவையின் வேலை பாதியில் நிற்கும்; போர்டு ஒன்று சொல்லும், ரெப்போ வேறொன்று சொல்லும். முதலாளி மதிவாணனுக்குப் பொறுமை போய்விட்டது. "குந்தவை, இது சரிப்படாது. சென்னைக்கே வந்துடுங்க" என்றார். சொன்னதோடு விடாமல், போர்டின் ஓரத்தில் சிவப்புச் சீட்டு ஒன்றையும் ஒட்டிவிட்டார். 'குந்தவை, சென்னைக்கு மாற்றம்.'

சம்பாவுக்கு நாற்று விட்டாயிற்று, நான் வயலை விட்டு எங்கே போவது? அவள் இல்லாத வீட்டில் யாரோடு சண்டை போடுவது? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் அசரவில்லை. "சார், போர்டுக்கும் ரெப்போவுக்கும் நடுவுல என் கையே படாம எல்லாம் தானா ஓடுற மாதிரி பண்ணிட்டா, நான் இங்கயே இருந்துக்கலாமா?" என்று பேரம் பேசினாள். அகிலாண்டம் அம்மாளும் பார்க்கும்படி வெள்ளிக்கிழமை ஓட்டிக் காட்ட வேண்டும், சொதப்பினால் மூட்டை கட்ட வேண்டும் என்று முடிவாயிற்று.

மாடி அறையே கதி என்று கிடந்தாள். காபி கொண்டுபோன என்னிடம், "மேல மடையைத் திறந்தா தண்ணி தானா கடைமடைக்குப் போவணும். நடுவுல ஆள் நிக்கக் கூடாது, அவ்வளவுதாங்க" என்றாள்.

"ஆள் நிக்காத வாய்க்கால்லதான் நண்டு வளை வைக்கும்" என்றேன்.

"நல்ல வார்த்தையே வராதா உங்க வாயில?"

நண்டு வளை வைத்தது வேறிடத்தில். அந்த நேரம் பார்த்து மதிவாணனுக்குத் தமிழ்ப்பற்று பொங்கிவிட்டது. போர்டில் ஆங்கிலத்தில் இருந்த கட்டத் தலைப்புகளைத் தூக்கிவிட்டு 'வந்தது', 'நடக்கிறது', 'முடிந்தது' என்று மாற்றினார். குந்தவையின் ஏற்பாட்டில், ஷஹ்பாஸ் ரெப்போவில் வேலையை முடித்ததும் சீட்டு தானே நகரும். சீட்டின் பெயரையும் அது போய்ச் சேர்ந்த தலைப்பையும் சேர்த்து வாடிக்கையாளருக்கு வாட்ஸப்பும் போகும். ஆனால் அகிலாண்டம் அம்மாள் சீட்டுக்குக் கோளாறின் பெயரை வைக்கிறவர் இல்லை. எந்தக் கல்யாணக் கணக்கில் கோளாறோ, அந்தத் தம்பதியின் பெயரைத்தான் வைப்பார்.

வியாழக்கிழமை ஒரு சீட்டு ஒட்டினார். பெயர் 'குணசேகரன் தம்பதி'. அடியில், பாயசம் இரண்டு தடவை கணக்கில் ஏறுகிறது என்று குறிப்பு. அவர்களுக்கு மறுநாள் காலையில் அறுபதாம் கல்யாணம். ஷஹ்பாஸ் மத்தியானமே சரி செய்துவிட்டார். யார் கையும் படாமல் எல்லாம் ஒழுங்காக ஓடியது. மண்டபத்தில் காய் நறுக்க ஆள் விட்டுக்கொண்டிருந்த அகிலாண்டம் அம்மாளின் போனுக்குச் செய்தி வந்தது.

'குணசேகரன் தம்பதி முடிந்தது.'

எங்கள் பக்கத்தில் மனுஷனைச் சொல்லி முடிஞ்சது என்றால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். "அய்யோ, ரெண்டு பேருமா! கார்ல வந்தாங்களோ?" என்று அந்த அம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அடுப்பை அமர்த்தச் சொன்னார். பந்தல்காரரைக் கூப்பிட்டு வாழைமரத்தை அவிழ்க்கச் சொன்னார். அப்புறம் மனசைத் திடப்படுத்திக்கொண்டு குணசேகரன் நம்பருக்குப் போன் போட்டார்.

"தம்பி, அப்பா அம்மாவுக்கு எப்படிப்பா ஆச்சு?"

"எங்க அப்பா அம்மா போயி ரொம்ப வருஷமாச்சுங்க. நான் குணசேகரன்தான் பேசறேன். நாளைக்கு டிபன் எத்தனை மணிக்குங்க?"

மறுநாள் கல்யாணம் அமோகமாக நடந்தது. ஆனால் குந்தவை ஓட்டிக் காட்ட உட்கார்ந்ததும், வீடியோவில் அகிலாண்டம் அம்மாளின் முகம் பத்ரகாளி மாதிரி இருந்தது.

"ஏம்மா, அரிசி தீந்தாக்கூட நிறைஞ்சிருக்குன்னு சொல்றவங்க நாங்க. அறுபது பூர்த்தியாகி மறுபடி தாலி கட்டிக்க வர்ற மனுஷங்களைப் போயி முடிஞ்சதுன்னு அனுப்பலாமா? வாயில வசம்பை வெச்சுத் தேய்க்க! யாரு எழுதினது அந்த வார்த்தையை?"

மதிவாணன் சட்டென்று தன் மைக்கை அணைத்துவிட்டார். திரையில் அவர் தலை குனிந்திருந்தது. கேமராவுக்குப் பின்னால் நின்ற நான் கையை ஆட்டி, அவரைக் காட்டிக் கொடுக்கச் சொன்னேன். குந்தவை என்னை ஒரு முறை முறைத்தாள்.

"மெஷின் எழுதினதுங்கம்மா" என்றாள் அப்பாவியாக. "மெட்ராஸ்ல பொறந்த மெஷின். அதுக்கு நம்ம பேச்சு தெரியலை."

அடிப்பாவி! எனக்குச் சிரிப்பை அடக்கவே முடியவில்லை.

அகிலாண்டம் அம்மாளின் கண்ணெதிரிலேயே 'முடிந்தது' என்ற தலைப்பைப் 'பூர்த்தி' என்று மாற்றினாள். அந்த அம்மாள் அடுத்த கல்யாணத்துக்காக ஒரு சீட்டு ஒட்ட, ரெப்போவில் ஷஹ்பாஸ் அதை முடிக்க, சீட்டு நகர்ந்தது. செய்தியும் வந்தது. 'துரைக்கண்ணு தம்பதி பூர்த்தி.' அகிலாண்டம் அம்மாள் போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நல்லா இரு கண்ணு. நம்ம பேச்சு தெரிஞ்ச நீயே இங்க இருந்து இதைப் பாத்துக்க. மெட்ராஸ்காரங்ககிட்ட விட்டா எங்க நல்ல காரியத்துக்கெல்லாம் சங்கு ஊதிடுவாங்க."

மதிவாணன் மைக்கைப் போட்டார். "பார்க்கலாங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பார்க்கலாமாம்! அவரைக் காப்பாற்றியவளுக்கு இதுதான் மரியாதையா? எனக்கு ரத்தம் கொதித்தது. குந்தவைகூட நகத்தைக் கடித்துக்கொண்டு போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சற்று நேரத்தில் போர்டில் ஏதோ அசைந்தது. ஓரத்தில் 'முடிந்தது' என்று புதிதாக ஒரு கட்டம் முளைத்தது. சிவப்புச் சீட்டு மெதுவாக நகர்ந்து அதற்குள் போய் உட்கார்ந்தது. அந்தக் கட்டத்தில் அது ஒன்றுதான். 'குந்தவை, சென்னைக்கு மாற்றம்.'

"போச்சு! மாத்தல் முடிஞ்சுட்டுது. ஆர்டரே போட்டுட்டாரு" என்று தலையில் கை வைத்துக்கொண்டேன்.

குந்தவை நாற்காலியே ஆடும்படி சிரித்தாள். "அட, இது அகிலாண்டம் அம்மா சொல்ற முடிஞ்சதுங்க. செத்துப்போச்சு. நிக்காதீங்க, மாத்தலுக்குக் கருமாதிச் சாப்பாடு போடணும். போயி ரெண்டு இலை அறுத்துட்டு வாங்க."

எங்கள் வாழை நிற்பது மோட்டார் கொட்டகைப் பக்கம். ரொம்ப நாளைக்கப்புறம் நடந்தே போனேன்.