கிராபிக்ஸ் கார்டும் எங்கள் தோட்டத்து விசிறிகளும்

"லயத்துக் கரண்டுல பல்பே கண்ணைச் சிமிட்டுது. இதுல நீ கேம் வெளையாடிப் போட்டிக்கு வேற போகப் போறியாக்கும்!"

தோட்டத்து வளைவில் சில்லறைக் கடை வைத்திருக்கும் என் மாமா ஒருமுறை இப்படிச் சொன்னார். கடையில் நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் அன்று மனதுக்குள் ஒரு முடிவு எடுத்தேன். நான் லயத்தில் இருக்கிறேன் என்பதை இனி வெளியாள் யாரிடமும் சொல்வதில்லை. அந்த முடிவு போன வருடம் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

எங்கள் வீடு இலங்கையின் கண்டி மலைப்பகுதியில், மடுல்கெல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆறு வீடுகள் கொண்ட லயம், நாங்கள் நாலாவது. அம்மா கொழுந்து பறிக்கிறார். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். இருவருமே ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. நான் உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்து, கண்டியில் கட்டட வரைபடம் வரையப் படித்து, அங்கேயே ஓர் அலுவலகத்தில் வேலைக்கும் சேர்ந்துவிட்டேன். அதில் எனக்குப் பெருமை உண்டு. கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

அலுவலகத்தில் பழைய கணினிகளை விற்றபோது ஒன்றை நான் வாங்கினேன். கரண்ட் போனால் சில நிமிடங்கள் தாங்கும் யூ.பி.எஸ் பெட்டி ஒன்றும் அதனுடன் வந்தது. வீட்டில் வரைபட வேலை முடிந்த பிறகு அதில்தான் விளையாடத் தொடங்கினேன். ஐந்து பேர் ஓர் அணியாக நின்று, எதிரணியின் ஐந்து பேரிடமிருந்து ஓர் இடத்தைப் பிடிக்கும் துப்பாக்கி விளையாட்டு அது. எங்கள் அணியில் ஐவரும் பெண்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான். தலைவி யாழ்ப்பாணத்துப் பிள்ளை. என் வேலை காவல் பார்ப்பது. தூரத்தில் யார் வருகிறார்கள் என்று முதலில் கண்டு சொல்ல வேண்டும்.

அந்தக் கணினியில், திரைப் படங்களை வேகமாக வரைந்து காட்டும் தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லை. அதனால் திரையில் படங்கள் விட்டுவிட்டுத்தான் ஓடும். எதிரி நடந்து வரமாட்டான். இங்கே நிற்பான், கண் மூடித் திறப்பதற்குள் பத்தடி தள்ளி நிற்பான். இடையில் எப்படிப் போனான் என்று எனக்குத் தெரியாது. நான் கண்டு சொல்வதற்குள் எங்களில் ஒருத்தி விழுந்திருப்பாள்.

சித்திரைப் புத்தாண்டு கழிந்த மாதம் அது. பெரிய போட்டி ஒன்றின் தகுதி ஆட்டத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. சேர்த்த காசை எடுத்துக்கொண்டு, கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட ஒரு மாடிக் கடைக்குப் போனேன்.

அங்கே கணினிகளைப் பொருத்திப் பரிசோதிப்பது ஒரு பெண். மடவளையைச் சேர்ந்தவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கடையில் எல்லோரும் அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிட்டார்கள். முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள். கறுப்பு ஹபாயாவின் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவரைப் பேனா மாதிரிப் பிடித்திருந்தார்.

அவர் இரண்டு கார்டுகளை மேசையில் வைத்தார். ஒன்று உள்ளங்கையை விடச் சற்றுப் பெரியது, ஒற்றை விசிறி. மற்றது மூன்று விசிறிகளோடு ஒரு செங்கல்லைப் போல் கனத்தது.

"போட்டிக்கெண்டா இந்தச் சின்னது காணும், தங்கச்சி. போட்டி ஆடுறவங்க அழகையெல்லாம் குறைச்சிட்டுத்தான் ஆடுவாங்க. எங்கருந்து வாரீங்க? ஊட்டுல கரண்ட் எப்பிடி?"

எனக்கு மாமாவின் கடைச் சிரிப்புத்தான் கேட்டது. என் செருப்பில் ஒட்டியிருந்த தோட்டத்துச் செம்மண்ணைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

"டவுன்லதான் இருக்கேன். கரண்டெல்லாம் ஒரு பிரச்சினையும் இல்லை" என்றேன்.

அதே நேரம் கடையின் பெரிய திரையில், மூன்று விசிறிக் கார்டின் உதவியோடு எங்கள் விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதில் வரும் மலையை நான் நூறு தரம் பார்த்திருக்கிறேன். ஆனால் அப்படிப் பார்த்ததில்லை. பனி மூட்டம் பள்ளத்திலிருந்து எழுந்து, மரங்களின் இடுப்பைச் சுற்றி, வெளிச்சத்தை நனைத்துக்கொண்டு மெல்ல நகர்ந்தது. எங்கள் வாசலில் காலை ஆறு மணிக்கு நிற்கும் அதே பனி. யாரோ எங்கள் மலைக்கு வந்து பார்த்துவிட்டுப் போய்ச் செய்தது போல் இருந்தது. அதன் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

"பெரியதையே தாங்க" என்றேன். அதற்கு வேண்டிய பவர் சப்ளையையும் சேர்த்து வாங்கினேன்.

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வத்தேகம தாண்டியதும் மழை பிடித்தது. பன்வில வளைவுகளில் பஸ் சாயும்போதெல்லாம் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே பனி, பெட்டிக்குள்ளும் பனி என்று ஒரு நினைப்பு. பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர், "கேக் பெட்டியாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த வாரம் கனவு போலப் போனது. வேலை முடிந்து ஏழு மணிக்கு மேல் விளையாட உட்காருவேன். எதிரிகள் இப்போது தாவவில்லை, தண்ணீர் போல வழுக்கி வந்தார்கள். சில நேரம் ஆட்டத்தை மறந்து அந்த மலையில் சும்மா நடந்து திரிவேன். "ஏனப்பா, படம் பாக்க வந்தனீயோ? காவலைப் பார்!" என்று தலைவி சத்தம் போடுவாள்.

சனிக்கிழமை மாலை ஐந்தரைக்குப் பயிற்சி ஆட்டம் வைத்தோம். தகுதி ஆட்டமும் அதே நேரத்தில்தான். ஆட்டம் சூடுபிடித்த நேரம் யூ.பி.எஸ் ஒருமுறை கத்தியது. திரை கறுத்தது. மறுபடி போட்டேன், பத்து நிமிடத்தில் மறுபடி கறுத்தது.

"நெட் போயிருச்சு" என்று ஃபோனில் செய்தி அனுப்பினேன்.

தலைவி உடனே அழைத்தாள். "நெட் போனா எனக்கு எப்பிடி மெசேஜ் வந்தது? பொய் சொல்லாதயப்பா. தகுதி ஆட்டத்தில இப்பிடி ஒருக்கா விழுந்தாலும் நாங்கள் அஞ்சு பேரும் வெளிய. அடுத்த சனிக்கு முதல் சரிவராட்டி, நான் வேற ஆளைப் போடவேணும். கோவிக்காத."

கோபம் வரவில்லை, கண் கலங்கியது. கறுத்த திரையின் முன் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் தலைக்கு மேலே இருந்த பல்பு மங்கி எரிவதைக் கவனித்தேன். பள்ளத்தாக்குக்கு அப்பாலிருந்து 'ம்ம்ம்' என்ற சத்தம் எழுந்து வந்தது.

தொழிற்சாலையின் விசிறிகள். மாலைக் கொழுந்தை எடைபோட்டு முடித்ததும், அதை வாட்டுவதற்காக ஆள் உயர விசிறிகளை ஒவ்வொன்றாகப் போடுவார்கள். எங்கள் லயத்துக்கும் கரண்ட் அதே கம்பியில்தான் வருகிறது. விசிறிகள் எழுந்தால் எங்கள் பல்புகள் தாழும்; எல்லாம் சீராக ஓடத் தொடங்கி ஏழு மணிக்குள் பழையபடி எரியும். பிறந்த நாளிலிருந்து அதைப் பார்த்து வருகிறேன். ஆனால் மாலையில் பல்பு மங்குவது, குருவிகள் அடைவது மாதிரி, பொழுது சாய்வதில் ஒரு பங்கு என்றே என் மனதில் பதிந்திருந்தது. அதைக் கரண்ட் குறைவது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. படித்தவள் நான்!

அப்பா வந்ததும் கேட்டேன். "அடுத்த சனிக்கெழம மட்டும் ஃபேனை ஒரு மணி நேரம் பொறுத்துப் போடச் சொல்லுங்களேன்ப்பா."

அப்பா சிரித்தார். "கொழுந்து ஒன் கேமுக்காக் காத்துக்கிட்டு இருக்குமா? காத்தில்லாமக் குவிஞ்சு கெடந்தா சூடேறிப் போயிரும். ஒங்கம்மா ஒடிஞ்சு ஒடிஞ்சு பறிச்சதும் அதுலதான் கெடக்கு."

அம்மா அடுப்படியிலிருந்து, "நல்லாக் கேளுங்க" என்றார்.

திங்கட்கிழமை மதியம் கார்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். பெட்டியைத் திறந்தால் திரும்ப எடுக்கமாட்டோம் என்று சுவரிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். படியேறும்போது ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன். கார்ட் பழுது என்று சொல்லிவிடலாம். ஆனால் தாத்தா அதை வாங்கி, தன் கணினியில் பொருத்தி, என் முன்னாலேயே ஓடவிட்டார். அது ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அதே மலை, அதே பனி. எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

"நான் டவுன்ல இல்லைங்க. மடுல்கெல்லப் பக்கம், தோட்டம். லயம். சாயந்தரம் ஃபேக்டரி ஃபேன் போட்டா கரண்ட் விழுந்துருது."

அவர் சிரிக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"எங்கட ஊட்டுக்குப் பக்கத்துல மர ஆலை ஒண்டு இருக்கி. அவன் மரம் அறுக்குற வாளைப் போட்டா எங்கட டீவி படுத்துரும். இதச் சொல்லவா இவ்வளவு வெக்கம்?" என்றார். பிறகு என் யூ.பி.எஸ்ஸின் அளவைக் கேட்டு, ஒரு துண்டுத்தாளில் கணக்குப் போட்டார். கரண்ட் விழுந்ததும் யூ.பி.எஸ் தன் பேட்டரியிலிருந்து கொடுக்கப் பார்க்கிறது; பெரிய கார்ட் இழுக்கிற இழுவை அதற்குத் தாங்காமல் முழுதாக அணைந்துவிடுகிறது. சின்னக் கார்ட் அதில் கால்வாசிக்குச் சற்று அதிகமாகத்தான் இழுக்கும். அதற்குத் தனி வயர்கூடத் தேவையில்லை. அதை யூ.பி.எஸ் தாங்கும்.

"எங்க இருக்கிறீங்கண்டு நான் கேட்டது உங்களச் சின்னதாக்க இல்ல, தங்கச்சி. கார்ட் அங்கதானே வாழப் போகுது?"

கடை முதலாளி முணுமுணுத்தார். இதே கார்டைக் கேட்டுப் போன ஒருவர் இருக்கிறார், அவருக்குக் கொடுப்போம், அதுவரை பொறுப்பு தன்னுடையது என்று தாத்தா சொல்லி மாற்றித் தந்தார். என்னை அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார். அதிலும் நான் பொய் சொல்லியிருந்தேன்.

வீட்டில் சின்னக் கார்டைப் பொருத்தி, அவர் சொன்னபடி நிழல், பனி, நீரின் மினுமினுப்பு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நிறுத்தினேன். பனியை நிறுத்தும்போது விரல் தயங்கியது. நிறுத்தியதும் மலை என் வரைபடத் தாள் மாதிரி வெறும் கோடும் பரப்புமாக நின்றது. அதில் தூரத்துச் சரிவில் ஒருவன் பதுங்கி வருவது பளிச்சென்று தெரிந்தது. பனி இருந்தபோது அவனை நான் பார்த்திருக்கவே முடியாது.

தகுதி ஆட்டம் நடந்த சனிக்கிழமை நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. இரண்டு அணியும் சமமாக வந்து, கடைசிச் சுற்று. தலைவி காத்திருந்து ஆடச் சொன்னாள். எதிரணி களைத்து வெளியே வரட்டும், அதுவரை யாரும் அசையக் கூடாது. அப்போது பள்ளத்தாக்குக்கு அப்பாலிருந்து அந்த 'ம்ம்ம்'. பல்பு தாழ்ந்தது. யூ.பி.எஸ் 'கீ' என்றது. திரை அணையவில்லை. ஆனால் பேட்டரியில் ஓடத் தொடங்கிவிட்டது. பழைய பேட்டரி.

'கீ… கீ…'

"அது என்ன சத்தம்?" என்றாள் தலைவி.

நெட், மைக், பக்கத்து வீடு என்று ஏதோ ஒரு பொய் வாய் வரை வந்தது. விழுங்கினேன்.

"யூ.பி.எஸ். நான் இருக்கிறது தேயிலைத் தோட்டத்து லயத்துல. ஃபேக்டரியில ஃபேன் போட்டுட்டாங்க. இன்னும் அஞ்சு நிமிஷம்தான் என் கம்ப்யூட்டர் தாங்கும்."



"அஞ்சு நிமிசமோ? அப்ப காத்துக்கொண்டு இருக்க ஏலாது. இப்பவே ஏறுவம். நீ கண்டு சொல்லு, நாங்கள் ஓடுறம்" என்றாள் தலைவி. இன்னொருத்தி ஓடிக்கொண்டே, "தோட்டமா? அடிப்பாவி, இத்தனை நாளா எனக்கு ஒரு பாக்கெட் தேயிலைகூட அனுப்பலியே!" என்றாள்.

மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தேன். இடது சரிவில் ஒன்று. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இரண்டு. மேலே ஜன்னலில் ஒன்று. யூ.பி.எஸ்ஸின் சத்தங்களுக்கு இடையே இருந்த நேரம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் ஒரே நீளமான கூவலாக ஆனது. "கடைசி ஆள் கதவுக்குப் பின்னால" என்று நான் சொன்னதோடு திரை கறுத்தது.

இருட்டிய அறையில் தொழிற்சாலையின் முனகல் மட்டும் கேட்டது. ஜன்னலில் உண்மையான பனி வந்து சாய்ந்திருந்தது. ஃபோன் அடித்தது. எடுத்தேன். பேச்சே இல்லை, நான்கு பெண்களும் சேர்ந்து கத்துகிற கத்தல்தான். அப்படித்தான் நாங்கள் வென்றதை நான் அறிந்தேன்.

அடுத்த கட்டத்தில் சுத்தமாகத் தோற்றோம். எங்களைவிட நல்ல அணி அது, அதில் வருத்தமில்லை. சின்னக் கார்ட் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது பனி காட்டாது, எனக்கு வேண்டிய பனி வாசலில் இருக்கிறது. நான் எங்கே நிற்கிறேன் என்று சொன்ன பிறகுதான் மற்றவர்கள் எனக்காக எதையும் மாற்றிச் செய்ய முடிந்தது என்பதை, அந்த ஐந்து நிமிடத்தை நினைக்கும்போதெல்லாம் உணர்கிறேன். போன வாரம், எங்கள் ஆறு வீடுகளுக்கும் தொழிற்சாலையோடு சேராத தனி மின் இணைப்பு கேட்டு, கம்பி வர வேண்டிய வழியை நானே வரைபடமாக வரைந்து இணைத்து, என் பெயரில் கையெழுத்திட்டு விண்ணப்பத்தை மின்சார சபையில் கொடுத்துவிட்டு வந்தேன்.