மூன்றாவது சரணத்துக்கு முன்னால்

என் வீட்டுக்காரர் அற்புதசாமி மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. அலுப்புதான் வருகிறது. கோபம் என்றால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக் கழித்துவிடலாம். அலுப்பை எந்தச் சாமியாரிடம் போய்ச் சொல்வது?

அவருக்கு அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை, ஞாயிறானால் கோயில் பாடகர் குழுவில் வயலின். நாலு வருடத்துக்கு முன் இடதுகை மோதிர விரல் மெஷினில் சிக்கிக்கொண்டது. எடுத்துவிட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்ன அன்று, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே ஒரு நேர்ச்சை வைத்தார். விரல் நிலைத்தால், பாடகர் குழுப் புத்தகத்தில் இருக்கிற பாட்டை எல்லாம் வயலினில் வாசித்து, செல்போனில் பதிந்து, கேட்கிறவர்களுக்கெல்லாம் சும்மா அனுப்புவது. குரல் கிடையாது, இசை மட்டும். வாசிக்க ஆளில்லாத சின்னக் கோயில்களில் அதைப் போட்டுவிட்டு ஜனங்கள் கூடவே பாடிக்கொள்ளலாம்.

விரல் நிலைத்தது. வேளாங்கண்ணிக்கு நடந்து வருகிறேன் என்று வேண்டியிருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். நேர்ந்துகொண்டவர் அவர், நிறைவேற்றுகிறவள் நான் என்று ஆகிப்போனது.

நாங்கள் ஸ்ரீரங்கத்தில், அம்மாமண்டபம் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில் குடியிருக்கிறோம். ஒரு அறை, ஒரு அடுப்படி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பஸ் ஏறிக் காவிரிப் பாலத்தைத் தாண்டி வந்து சேர்ந்ததும் வயலினை எடுத்துவிடுவார். அதன்பிறகு ஃபேன் ஓடக்கூடாது. குக்கர் வைக்கக்கூடாது. சித்திரை வெயிலில் வியர்வை வழிய நான் சுவர் ஓரமாக நிற்பேன். நான் அடங்கினால் போதுமா? படித்துறையில் பிண்டச்சோறு தின்ற காக்காய்கள் எல்லாம் எங்கள் மாடியில் வந்து உட்கார்ந்துதான் பேசிக்கொள்ளும்.

கீழ் வீட்டில் வீட்டுச் சொந்தக்காரர் பீமராவ் ஐயா. பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மீன் சமைக்கக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு வீடு கொடுத்தார். வயலினுக்கு அவர் நிபந்தனை போடவில்லை. அதற்குப் பதிலாகக் கருத்துச் சொல்வார். பாட்டு நடுவில், கீழே இருந்தபடியே, "அற்புதம், மேல் ஸ்தாயி எட்டலையேப்பா!" என்பார். மறுபடி முதலிலிருந்து.

இப்படிப் பாடுபட்டு அனுப்புவதை வாங்கிக்கொள்கிறவர்களாவது சும்மா இருக்கிறார்களா? "பிரதர், கொஞ்சம் ஸ்பீடா வாசிங்க." "பிரதர், இதையே கீபோர்டுல தர முடியுமா?" காசு கொடுத்து வாங்கினவன்கூட இவ்வளவு குறை சொல்லமாட்டான். இவர் ஒவ்வொருவருக்கும், "சரிங்க, ஆண்டவருக்கு நன்றி" என்று பதில் போடுவார்.

போன மாதம் கே.கே. நகரில் என் சித்தி மகளின் புதுவீட்டு மந்திரிப்புக்குப் போயிருந்தோம். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். யாரோ ஸ்பீக்கரில் இவர் வாசித்த காணிக்கைப் பாட்டைப் போட்டார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டு சரணம் முடிந்தது. மூன்றாவது தொடங்கப் போகிற நேரத்தில், வயலினுக்கு மேலே என் குரல் கேட்டது.

"ஏங்க! குழம்பு அடிப்பிடிக்குது, மூக்கு அடைச்சுப்போச்சா?"

சாமியார் தீர்த்தச் செம்போடு நின்று சிரித்தார். நான் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "என் சத்தம் அதுல இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். வாசிப்பு அன்னைக்கு நல்லா வந்துருந்துச்சு. அதான் விட்டுட்டேன்."

"எத்தனை நாளா ஊரெல்லாம் கேக்குது?"

"மூணு வருஷம் இருக்கும்."

ஆண்டவருக்குக் கொடுக்கிற காணிக்கையில் குழம்பு வாடை வரலாமா என்று அழுதேன். புதிதாக வாசித்து அனுப்ப வேண்டும், பழையதை எல்லோரும் அழித்துவிட வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றேன். மூன்று ஞாயிறு காக்காயும் பீமராவ் ஐயாவும் கெடுத்தார்கள். நாலாவது ஞாயிறு சுத்தமாக வந்தது. நான் சொல்லச் சொல்ல, "பழசை அழிச்சிருங்க" என்று எழுதி அனுப்பினார். தன்னிடம் இருந்ததையும் என் கண் முன்னாலேயே அழித்தார்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் விக்டர் போன் செய்தார். உப்பிலியபுரம் தாண்டி, பச்சைமலை அடிவாரத்து ஊர் ஒன்றில் உபதேசியார். சாமியார் மாதத்துக்கு ஒருமுறைதான் அங்கே பூசைக்கு வருவார். மற்ற வாரம் ஜெபம் நடத்துவதும் பாட்டுப் போடுவதும் விக்டர்தான்.

"அக்கா, உங்க சத்தத்தைக் காணோமே?"

"நான்தான் எடுக்கச் சொன்னேன் தம்பி. அசிங்கமா இருந்துச்சு."

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க! நீங்க 'மூக்கு அடைச்சுப்போச்சா'ன்னு முடிச்சதும்தான் எங்க ஜனம் மூணாவது சரணத்தை எடுக்கும். இன்னைக்குப் பாதிப் பேரு முன்னாடியே எடுத்துட்டாங்க, பாதிப் பேரு எடுக்கவே இல்ல. நடுவுல நின்னுபோச்சு. வர்ற ஞாயிறு ஒம்போது புள்ளைங்களுக்குப் புதுநன்மை. அந்தப் பாட்டுக்குத்தான் காணிக்கை எடுத்துட்டு வரணும். பழசை அனுப்புங்கக்கா."

"அழிச்சாச்சே தம்பி. ஒரு மணி அடிச்சுவிட்டா தெரியாதா?"

"மணி அடிச்சா, சாமியார் அப்பத்தைத் தூக்கிக் காட்டுற எழுந்தேற்றம்னு நெனச்சு மொத்த ஜனமும் முழங்கால் போட்டுரும்க்கா!"

விஷயம் இதுதான். இவர் எல்லாச் சரணத்துக்கும் நடுவே ஒரு சுற்று வாசிப்பார். அந்தப் பாட்டில் மட்டும் மூன்றாவது சரணத்துக்கு முன்னால் இழுத்துக்கொண்டே போவார். எங்கே முடியும் என்று அவருக்கே தெரியாது.

"அதைச் சின்னதா வாசிச்சா தீர்ந்துபோச்சு," என்றேன்.

அவர் வயலினைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "பாட்டு அவங்களுக்கு, லூர்து. அந்த எடம் மட்டும் விரலுக்கு. அங்கதான் நான் நன்றி சொல்றேன்."

முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகிற ஒன்பது பிள்ளைகளும் காணிக்கைத் தட்டோடு பாதி வழியில் முழிப்பது என் கண்ணுக்குள் வந்தது. என் வெட்கத்தால் வந்த வினை. "சரி, நானே சொல்லித் தொலைக்கிறேன்," என்றேன்.

அன்று சாயந்திரமே உட்கார்ந்தோம். அடுப்பில் கத்தரிக்காய்க் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. சும்மா கத்தினது மூன்று வருடம் நின்றது, வேண்டுமென்று சொல்லப்போனால் வாய் வரவில்லை. முதல் தடவை வாசகம் வாசிப்பது போல வந்தது. இரண்டாம் தடவை எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மூன்றாம் தடவை, "திட்டுற மாதிரி சொல்லும்மா," என்றார்.

"திட்டுற மாதிரி நீங்க நடந்துக்கங்க, தானா வரும்!"

நாலாம் தடவை நான் போன் பக்கத்திலேயே தயாராக நின்றேன். இரண்டாவது சரணம் முடிந்தது. அந்த இடம் வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். தழும்பு விழுந்த அந்த விரல் தந்தி மேல் அழுந்தி அழுந்தி நகர்ந்தது. இத்தனை நாளில் நான் அதை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே இல்லை. சொல்ல வேண்டியதை மறந்துவிட்டேன். வாசிப்பு முடிகிற இடத்துக்கு வந்துவிட்டது.

அப்போது கீழேயிருந்து, "லூர்தும்மா! குழம்பு தீயறது, தெரு முழுக்க நாத்தம்!" என்றது பீமராவ் ஐயாவின் குரல்.

இவர் கண்ணைத் திறக்கவே இல்லை. வில் நேராக மூன்றாவது சரணத்துக்குள் போனது. நான் வாயைப் பொத்திக்கொண்டு, புகையில் இருமலை அடக்கிக்கொண்டு, கடைசிவரை நின்றேன். சட்டி போனது.

அதையே அனுப்பினார். விக்டர் வாரம் முழுக்கச் சாயந்திரம் பிள்ளைகளை உட்காரவைத்துப் பழக்கினாராம். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலில் பிடித்த சின்ன வீடியோ வந்தது. வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் நடந்து வருகிறார்கள். "தெரு முழுக்க நாத்தம்" என்ற சத்தம் கோயில் முழுக்கக் கேட்கிறது. உடனே மொத்த ஜனமும் ஒரே குரலாக மூன்றாவது சரணத்தை எடுக்கிறது. ஒருத்தர்கூடத் தவறவில்லை.

கீழே போய் பீமராவ் ஐயாவிடம் காட்டினோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் பார்த்தார்.

"ஏம்ப்பா அற்புதம், என் குரல் இப்படிக் கரகரன்னா இருக்கு? எனக்கு அன்னிக்கு ஜலதோஷம். இன்னொரு தடவை எடுத்துடலாமா?"

"எடுத்துட்டாப் போச்சுங்க," என்று இவர் அப்போதே படியேறிவிட்டார்.

நான் பின்னாலேயே போய், முதல் வேலையாக அடுப்பை அணைத்தேன்.