பூமிக்குப் பிறந்தநாள், பொக்லைனுக்கு விடுமுறை

வாளியின் பல் தரையில் பட ஒரு சாண் இருக்கும்போது சவேலி குஸ்மிச் பொக்லைன் இயந்திரத்தை அணைத்துவிடுவார். இறங்குவார். தொப்பியைக் கழற்றுவார். ரொட்டியைப் புளிக்கவைத்து வீட்டில் செய்த க்வாஸை அரைக் குவளை மண்ணில் ஊற்றுவார். "அம்மா, கொஞ்சம் தோண்டிக்கிறேன். சாக்கடைக் குழாய் அடைச்சுக்கிச்சு. கோவிச்சுக்காத, மூடிட்டுத்தான் போவேன்." பிறகு அரை நிமிடம் சும்மா நிற்பார். எதற்கு என்று புதிய மேற்பார்வையாளர் ஒருவர் கேட்டதற்கு, "கேட்டா மட்டும் போதுமாய்யா? பதில் சொல்ல டைம் குடுக்க வேணாமா?" என்றார். அந்த மேற்பார்வையாளர் இப்போது வேறு ஊரில் இருக்கிறார்.

வயது ஐம்பத்து நான்கு. வெர்பினோ நகரக் குடிநீர் அலுவலகத்தில் இருப்பது ஒரே பொக்லைன். அதை ஓட்டத் தெரிந்தவரும் இவர் ஒருவரே. நகரின் கண்ணியம் முழுவதும் இந்த இரண்டின் ஆரோக்கியத்தைப் பொறுத்தது.

முதுகுவலியில் மூன்று மாதம் படுத்துப் புத்தகம் படித்தபோதுதான் ஸ்லாவியரின் பழைய தெய்வங்கள் அவருக்குப் பழக்கமாயின. எழுந்ததும் முதல் வேலையாக இடி தேவன் பெருனை ஓக் மரத்தில் ஆளுயரத்துக்குச் செதுக்கிக் கோசுப்பாத்தி நடுவே நட்டார். மனைவி கிளாவா அன்று மாலையே பெருனின் காதில் துணிக்கொடியின் ஒரு முனையைக் கட்டினாள். "இடி இறக்குற சாமிடி அது!" என்று இவர் பதறினார். "இறக்கட்டும். துணி காயற வரைக்கும் இறக்காம இருந்தாப் போதும்" என்றாள் அவள். அன்றுமுதல், அவள் துணி துவைக்கிற திங்கட்கிழமைகளில் மழை பெய்வதில்லை என்று சவேலி சத்தியம் செய்கிறார்.

கோடையில் காட்டில் கூடி நெருப்பைத் தாண்டிக் குதிக்கிற பழஞ்சமயக் கூட்டங்கள் அந்தப் பக்கம் உண்டு. ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். "கார்ல வர்றாங்க, இயற்கை இயற்கைன்னு கத்துறாங்க, பிளாஸ்டிக் கப்ப அங்கயே போட்டுட்டுப் போறாங்க. யார் பெருக்குறது? காட்டுக்காரரா?"

காட்டுக்காரர் என்று அவர் மரியாதையோடு சொல்வது லேஷியை. காட்டில் ஆட்களுக்கு வழி தப்பச் செய்யும் பெரியவர். தப்பியவன் சட்டையை உள்வெளியாக மாற்றிப் போட்டால் லேஷி சிரித்துவிட்டு வழிவிடுவார். மாவட்டத் தலைநகரில் ஒரு பேரங்காடிக்குள் சவேலிக்கு வழி தப்பியபோது, சோப்பு அடுக்குக்கும் பூனைத்தீவனத்துக்கும் நடுவே கோட்டைக் கழற்றி உள்வெளியாகப் போட்டுக்கொண்டார். மூன்றே நிமிடத்தில் காவலர் ஒருவர் அவரைக் கையைப் பிடித்து வாசலுக்குக் கொண்டுபோய் விட்டார். "பாத்தியா, வேலை செஞ்சுது" என்றார் கிளாவாவிடம்.

ஆண்டில் ஒரே ஒரு நாள் அவர் மண்ணைத் தொடமாட்டார். திரித்துவ ஞாயிறுக்கு மறுநாள் திங்கள், பூமியின் பிறந்தநாள். அன்று உழக்கூடாது, தோண்டக்கூடாது, ஒரு முளைக்குச்சிகூட அடிக்கக்கூடாது. விடுப்புக் கடிதத்தில் காரணம் என்ற இடத்தில் "நெருங்கிய உறவினரின் பிறந்தநாள்" என்று எழுதுவார். அலுவலகத் தலைவி ராயிசா அர்காதியேவ்னா, போன ஆண்டு கிளாவா சொல்லும்வரை, பதினோரு ஆண்டுகளாக அது யாரோ வயதான அத்தை என்று நம்பியிருந்தார். ஒருமுறை சாக்லேட் பெட்டிகூட வாங்கிக் கொடுத்தார். சவேலி அதை முறைப்படி உரியவரிடம் சேர்த்தார், ஒரு முழம் ஆழத்தில், முந்தின நாளே.

இந்த ஆண்டு அந்தத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ரொட்டிக்கடைச் சந்தில் பெரிய குழாய் வெடித்தது. தண்ணீர் இரண்டாள் உயரத்துக்குப் பீறிட்டது. நாய்கள் குரைத்தன, பிள்ளைகள் குதித்தார்கள், ரொட்டிக்கடைக்காரர் மாவு மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படியேறினார். வால்வை மூடியதும் நீரூற்று அடங்கியது. ஊர் முழுதும் குழாய்கள் இருமிவிட்டு ஓய்ந்தன. அழகு நிலையத்தில் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு அலசக் காத்திருந்த சினாயிதா, தோளில் போர்த்திய துண்டோடு தெருவுக்கு ஓடிவந்தாள். "நாப்பது நிமிஷம்தான் வச்சிருக்கணும்னு போட்டிருக்கு! முப்பத்தெட்டு ஆயிடுச்சு!" அதைவிடப் பெரிய செய்தி ஒன்றும் வந்தது: ஆஸ்பத்திரித் தொட்டியில் தண்ணீர் மாலை ஆறு மணி வரைதான் தாங்கும். பக்கத்து மாவட்டத்துப் பொக்லைன் வர மறுநாள் ஆகும்.

ராயிசா அர்காதியேவ்னா சவேலியின் வீட்டுக்கே போனார். பூவேலை செய்த வெள்ளைச் சட்டையில் சவேலி புல்தரையில் உட்கார்ந்திருந்தார். எதிரே கோசு அடைத்துச் சுட்ட பெரிய ரொட்டி. தனக்கு ஒரு துண்டு, தரைக்கு ஒரு துண்டு.

"எழுந்திரிங்க. குழாய் போச்சு."

"கேள்விப்பட்டேன். நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கே வந்துடறேன்."

"ஆஸ்பத்திரிக்கு ஆறு மணி வரைக்கும்தான் தண்ணி! நீங்க வரலைன்னா வேலைய விட்டுத் தூக்குறதத் தவிர எனக்கு வேற வழியில்ல. கடிதம் அடிக்கச் சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்."

சவேலி ரொட்டியை வேகவேகமாக மெல்லத் தொடங்கினார். அந்தப் பொக்லைனை அவர் பத்தொன்பது வருடமாக ஓட்டுகிறார். அதற்கும் பேர் வைத்திருக்கிறார், சொல்லமாட்டார். கிளாவா சமையலறை ஜன்னலிலிருந்து எட்டிப்பார்த்து, "போய்யா! வருஷா வருஷம் பிறந்தநாள் வருது, வேலை வருமா?" என்று கத்தினாள்.

"அம்மா, நீங்களே சொல்லுங்க" என்றார் சவேலி, தலைவியைப் பார்த்து. "உங்க பிறந்தநாளன்னிக்கு ஒருத்தன் கத்தியோட வந்து வயித்தக் கிழிச்சா நல்லாவா இருக்கும்?"

"எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் பிறந்தநாளன்னிக்குத்தான்யா நடந்துச்சு!"

சவேலி மெல்லுவதை நிறுத்தினார். ஓர் இறையியல் நெருக்கடி அவருடைய நெற்றியில் கண்கூடாக ஓடியது.

"கேட்டுட்டா கிழிச்சாங்க?"

"கையெழுத்து வாங்கினாங்க."

"வலிச்சுதா?"

"எடுக்காம இருந்தாத்தான் வலிச்சிருக்கும்."

அவர் எழுந்தார். சட்டையில் ஒட்டியிருந்த துணுக்குகளை ஒவ்வொன்றாகத் தரைக்கே கொடுத்தார். "கேட்டுப் பாக்குறேன். அவ வேணாம்னா நான் தொடமாட்டேன். கடிதத்த நீங்க குடுத்துடுங்க."

இயற்கையோடு இயைந்து வாழும் நகராட்சியாதலால் ரொட்டிக்கடைச் சந்துக்கு அது இதுவரை தார் போட்டதில்லை. அந்தச் சேற்றில், ஊர் பார்க்க, சவேலி குஸ்மிச் வெள்ளைச் சட்டையோடு குப்புறப் படுத்து இடது காதைத் தரையில் வைத்தார். அறுபது பேர் வாயை மூடிக்கொண்டார்கள். நாய்களும் மூடின. ஒரு நிமிடம். மூன்று நிமிடம். "தூங்கிட்டாரோ?" என்று யாரோ கிசுகிசுத்தார். "தூங்கட்டும், என் தலைக்குப் பதில் சொல்லிட்டுத் தூங்கட்டும்!" என்றாள் சினாயிதா. ஏழாவது நிமிடம் சவேலி எழுந்தபோது அவர் முகத்தில் பாதி தெரியவில்லை. தெரிந்த பாதி மலர்ந்திருந்தது.

"சரின்னுட்டா! இங்கதான், இந்தக் கல்லுக்குக் கீழ முணுமுணுங்குது. முள்ளு மாதிரி குத்துதாம், எடுத்துடச் சொல்றா." கூட்டம் ஆர்ப்பரித்தது. அவர் கையை உயர்த்தினார். "ஆனா இரும்பு வேணாமாம்."

"இரும்பில்லாம?" ராயிசா அர்காதியேவ்னாவின் குரல் கீச்சிட்டது. "ரெண்டு மீட்டர் ஆழம்யா!"

"மரத்தால தோண்டலாம். கையால தோண்டலாம்."

"குழாயே இரும்புதானே குஸ்மிச்?" என்றார் ரொட்டிக்கடைக்காரர், சட்ட நுணுக்கத்தோடு.

"அதத்தான் முள்ளுன்னு சொல்றா. காது கேக்கலையா உனக்கு?"

வெர்பினோவில் மரத்தால் ஆன ஆயுதம் ஒன்றே ஒன்று. அது எல்லா வீட்டிலும் உண்டு. ஜூன் மாத வெயிலில், வேர்வை வழிய, மக்கள் கொட்டகைகளிலிருந்து குளிர்காலத்தில் வாசல் பனியைத் தள்ளும் நீண்ட கைப்பிடி மரச் சட்டுவங்களைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். தேவாலயத்திலிருந்து நான்கு வந்தன. பெயரைச் சொல்லவேண்டாம் என்று பாதிரியார் சொல்லியனுப்பியிருந்தார். முதல் சட்டுவத்தைப் பிடுங்கியவள் சினாயிதா. தண்ணீர் ஊறிய மண் வெண்ணெயாக வந்தது. "மெதுவா, மெதுவா, கூச்சமா இருக்கும்!" என்று சவேலி குழிக்குள்ளிருந்து கத்திக்கொண்டே இருந்தார். "என்னப் பாத்தா மட்டும் கூச்சமா இல்லையா உங்களுக்கு?" என்று அவள் மேலிருந்து கத்தினாள், சாயம் அப்போது அறிவியல் இன்னும் பெயர் வைக்காத ஒரு நிறத்துக்கு வந்திருந்தது. சட்டுவம் நுழையாத ஆழத்தில் சவேலியும் ரொட்டிக்கடைக்காரரும் விரல்களால் பறித்தார்கள். ராயிசா அர்காதியேவ்னா மேற்பார்வை செய்வதற்காகக் குழியின் விளிம்புக்கு வந்தார், மேற்பார்வை வழுக்கியது, குழிக்குள் இறங்கியே வேலை செய்தார்.

நாலரை மணிக்குக் குழாயின் வெடித்த வாய் தெரிந்தது. ஐந்தேகாலுக்கு வெடிப்பைச் சுற்றிப் பட்டை போட்டு முறுக்கியாயிற்று. வால்வைத் திறந்ததும் ஊர் முழுதும் குழாய்கள் மறுபடி இருமின, காறித் துப்பின, பாடின. ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசியில் நன்றி சொன்னார்கள். அறுபது பேரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், வழக்கமாக முகம் பார்க்காதவர்கள் உட்பட. சினாயிதா யாரையும் கட்டிப்பிடிக்காமல் நேராக அழகு நிலையத்துக்கு ஓடினாள்.

குழியை மூடியதும் ராயிசா அர்காதியேவ்னா, "நாளைக்கு எட்டு மணிக்கு வேலைக்கு வாங்க. கடிதத்த நான் பாத்துக்கறேன்" என்றார். கையைக் கழுவிக்கொண்டு காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். கார் நகர்ந்தது. சவேலி குஸ்மிச் கத்திக்கொண்டே பின்னால் ஓடி, முன்னால் வந்து, இரண்டு கையையும் விரித்து மறித்தார்.

"இப்ப என்னய்யா?"

"காலக் கொஞ்சம் வெளிய நீட்டுங்கம்மா."

"எதுக்கு?"

"உங்க செருப்புல அவ ஒட்டிக்கிட்டு வர்றா. பிறந்தநாள் வீட்லேர்ந்து கேக்காம எடுத்துட்டுப் போகலாமா?"

கதவு திறந்தது. சவேலி மண்டியிட்டு, தீக்குச்சியால் வலது செருப்பின் அடிவரிகளைச் சுரண்டி உள்ளங்கையில் சேர்த்தார். சேர்ந்ததைக் குழி மூடிய இடத்தில் கொண்டுபோய் வைத்துத் தட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, ராயிசா அர்காதியேவ்னா இடது காலை வெளியே நீட்டிக் காத்திருந்தார்.