மத்தியானத்து டின்னர்

மேவிஸ் ஓல்ட்ராய்ட் எங்கள் பள்ளிச் சமையலறைக்கு வந்து இருபத்தாறு வருடம். யார்க்ஷயரில் சுரங்கம் மூடிப்போன ஊர் இது. இங்கே டின்னர் என்றால் மத்தியானச் சாப்பாடு. சுடச்சுட, தட்டில், கரண்டியால் பரிமாறியது. பரிமாறுகிறவர் டின்னர் லேடி. லண்டன்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

போன மார்ச்சில் பள்ளி புது நிர்வாகத்தின் கைக்கு மாறியது. அதன் மேலாளர் ஜூலியன் பெக் ஒரு வியாழக்கிழமை தாளும் கையுமாக வந்தார். திங்கள் முதல் அடுப்பு கிடையாது. பிள்ளைகளுக்குப் பொட்டலத்தில் சாண்ட்விச்சும் ஆப்பிளும். மேவிஸ் இனி ‘லஞ்ச் உதவியாளர்’. மறுநாளுக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை போய்விடும்.

“டின்னர்னா ராத்திரி சாப்பாடு, மேவிஸ். மத்தியானத்துக்கு லேசா ஒரு லஞ்ச் போதும்.”

“ராத்திரி சாப்பிடறது டீ.”

“அப்ப கோப்பையில குடிக்கிறது?”

“அதுவும் டீதான். இந்த ஊர்ல ஒருத்தரும் இதுல குழம்பினது கிடையாது.”

அவர் போனதும் மேவிஸ் என் பக்கம் திரும்பினார். நான் வெளிநாட்டிலிருந்து வந்த டீச்சர். விசா புதுப்பிக்க வேண்டிய வருடம் வேறு, எந்த வம்பிலும் தலையிடாமல் இருந்தேன்.

“நீ ரெண்டு பாஷை படிச்சவ, கண்ணு. அந்தாளு சொல்றது நிஜமா? பாத்துச் சொல்லு.”

நூலகத்தின் தடிமனான அகராதியைப் புரட்டினேன். டின்னர், பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல். அதன் வேரில் இருப்பது வெறும் வயிற்றை முறிப்பது, அதாவது நாளின் முதல் சாப்பாடு. பணக்காரர்கள் சாப்பாட்டைத் தள்ளித் தள்ளி மெழுகுவர்த்தி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். சொல்லும் அவர்களோடு போயிற்று. விடியலில் வேலைக்கு இறங்கியவர்கள் அதை மத்தியானத்திலேயே வைத்துக்கொண்டார்கள்.

கேட்டுவிட்டு மேவிஸ் பெக் விட்டுப்போன தாளைக் கையில் எடுத்தார்.

“நம்ம பிள்ளைங்கள்ல பாதி காலையில ஒண்ணும் தின்னாமதான் வருது. அப்ப சரியாத்தான் சொல்லிட்டு இருக்கோம்.”

தாள் உருளைக்கிழங்குத் தோலோடு குப்பைக்குப் போனது.

திங்களன்று ஏழு மணிக்கே அடுப்பு எரிந்தது. குளிர்பெட்டியில் மிச்சமிருந்த கொத்துக்கறி, பட்டாணி, மூட்டையில் கிடந்த கிழங்கு. பன்னிரண்டு மணிக்கு வாசனை வகுப்புவரை வந்துவிட்டது. மேசைமேல் பொட்டலங்கள் அடுக்கியபடியே கிடக்க, பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். பெக் ஓடிவந்தார்.

“வெள்ளிக்கிழமையோட உங்க வேலை முடிஞ்சுபோச்சு!”

“அப்ப நீங்க எனக்கு மேலதிகாரி இல்ல. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பிள்ளைங்களுக்கு வழி வேணும்.”

“நாளைக்கே பூட்டை மாத்திடுவேன்.”

“மாத்துங்க. இன்னைக்கு இதுங்க சாப்பிடட்டும்.”

பட்டாணிச் சட்டியில் கரண்டி சும்மா கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு மேவிஸ் பக்கத்தில் போய் நின்றேன்.

“நிறைய போடு, கண்ணு,” என்றார், பெக்கைப் பார்த்தபடியே.