லில்லிபாயின் மூன்று கண்ணிகள்

என் மனைவி லில்லிபாய்க்கு நோய் வந்ததை நான் முதலில் துணியில்தான் பார்த்தேன்.

வாழைத்தோட்டத்திலிருந்து வந்து, கை கால் கழுவிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வட்டச் சட்டத்தில் வெள்ளைத் துணியை மாட்டி ஒரு இலை தைத்துக்கொண்டிருந்தாள். இலையின் நடு நரம்பு பென்சில் கோட்டை விட்டுவிட்டு, வரப்பை விட்டு இறங்கின ஆடு மாதிரி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

"ஏட்டி, கோடு வளஞ்சு போவுதே," என்றேன்.

"இருக்கட்டும்," என்றாள்.

அந்த ஒரு சொல்லிலேயே ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஏன் என்று சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நான் பள்ளிக்கூடம் போகாதவன். கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது எங்கள் மகள் ஷீபா. சுற்றிச் சுற்றித்தான் வருவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

லில்லிபாய் எம்பிராய்டரி புத்தகம் எழுதுகிறவள். எங்கள் கிறிஸ்தவ சபையின் பெண்கள் தையல் வகுப்பில் படித்து, பிறகு அங்கேயே சொல்லிக்கொடுத்து, அதற்கும் பிறகு எழுத ஆரம்பித்தாள். முதல் புத்தகம் ஆலயத்துப் பீட விரிப்பில் வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் தைப்பது பற்றி. இரண்டாவது, பிளவுஸ் கழுத்துக்கும் கைக்கும் போடுகிற பூக்கள். அவள் எழுதுகிற விதமே வேறு. ஒரு தையலைப் போடுவாள். கை செய்ததை வாயால் சொல்வாள். சொன்னதை எழுதுவாள். பிறகு தைத்ததைப் பிரித்துவிட்டு, எழுதினதை மட்டும் பார்த்து மறுபடி தைப்பாள். இரண்டும் ஒன்றுபோல வராவிட்டால் அந்தப் பக்கம் கிழியும்.

பிரிப்பதற்கென்றே பிறந்தவள். ஒரு வருஷம், விளைச்சலைக் கொண்டுவந்து படைக்கிற அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாள், ஆலயத்துக்குள் வாழைக்குலையும் தேங்காயும் மரச்சீனிக் கிழங்கும் ஏலத்துக்குக் குவிந்து கிடக்கின்றன. நானும் ஒரு ஏத்தன் வாழைக்குலை கொண்டு போயிருந்தேன். நல்ல குலை, தூக்க இரண்டு பேர் வேண்டும். அதை விடுங்கள். இவள் தைத்த புது விரிப்பைப் பீடத்தில் போட்டார்கள். போதகர் கொள்ளாம் கொள்ளாம் என்று மெச்சி முடிக்கவில்லை, இவள் ஒரு மூலையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். ஒரு திராட்சைக் குலையிலிருந்து அடுத்த குலைக்கு நூல் வெட்டி முடிக்கப்படாமல் தாண்டிப் போயிருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து குலையைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"பொறத்த பாத்தா ஆருக்கும் தெரியாதே அம்மா," என்றார் போதகர்.

"எனக்குத் தெரியுமே ஐயா," என்றாள்.

மறுநாள் முதல் மணி அடிக்கும்போதுதான் கடைசித் திராட்சை முடிந்தது.

அப்படிப்பட்டவள் வளைந்த கோட்டைப் பார்த்து இருக்கட்டும் என்று சொன்னால் என்ன அர்த்தம்? முகத்தைப் பார்த்தேன். வாயின் வலது பக்கம் தொங்கியிருந்தது. ஊசி கையிலிருந்து நழுவியது. எடுக்கப் போனாள், விரல் மடங்கவில்லை.

"தலசுத்து ஆக்கும். கொஞ்சம் கெடந்தா செரியாவும்," என்றாள். பேச்சும் குழைந்திருந்தது.

நான் படுக்கவிடவில்லை. ஆட்டோவில் ஏற்றி நெய்யாற்றின்கரைக்குப் போய், அங்கேயிருந்து ஆம்புலன்ஸில் திருவனந்தபுரம். ஷீபா அங்கே வேலை பார்க்கிறவள், எங்களுக்கு முன்னாலேயே ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். பக்கவாதம் (மூளைக்குப் போகிற இரத்தக் குழாய் அடைத்துப்போவது) என்றார்கள். மூளையின் இடப்பக்கம் அடைத்தால் உடம்பின் வலப்பக்கம் தளருமாம்.

சின்ன வயசு டாக்டர், மலையாளி. "அம்மூம்மா, கை ரண்டும் ஒந்நு பொக்கிக்கே," என்று கையைத் தூக்கச் சொன்னார். இடது கை மேலே போயிற்று. அதில் தையல் சட்டம் இருந்தது. வீட்டிலிருந்து அங்கே வருகிறவரை அவள் அதை விடவே இல்லை. வலது கை மடியிலேயே கிடந்தது.

கடைசியாக எப்போது சரியாக இருந்தார் என்று கேட்டார் டாக்டர். எனக்கு மணி பார்க்கிற பழக்கம் இல்லை. ஷீபா சட்டத்தை வாங்கிப் பார்த்தாள். நரம்பு கோட்டை விட்டு விலகின இடத்தில் விரலை வைத்தாள்.

"இதுவர அம்மா நல்லா இருந்தாங்க டாக்டர். இதுக்குப் பொறவு கொஞ்சந்தான் தச்சிருக்காங்க. அப்பா உடனே கூட்டிட்டு வந்திருக்காரு."

டாக்டர் துணியைப் பார்த்தார், ஷீபாவைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே நர்ஸைக் கூப்பிட்டார். ஸ்கேன் (மண்டைக்குள்ளே எடுக்கிற படம்) எடுத்ததும், கட்டிப்போன இரத்தத்தைக் கரைக்கிற மருந்தை ஏற்றினார்கள். அதை ஆரம்பத்திலேயே கொடுத்தால்தான் பலன், நேரம் போனால் கொடுக்க முடியாது என்றார். இதை வாசிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழைந்தால், கிடந்தால் சரியாகும் என்று கிடத்தாதீர்கள்.

இரண்டு நாள் கழித்து அவள் டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "எனக்க கைக்கு இனி தைக்கப் பற்றுமோ, முடியாதோ?"

"நோக்காம், பார்க்கலாம் அம்மூம்மா. கால் முதலில் வரும். கை பின்னால் வரும். விரல் எல்லாவற்றுக்கும் கடைசி," என்று டாக்டர் பாதித் தமிழில் சொன்னார்.

வீட்டுக்கு வந்தோம். டாக்டர் சொன்னபடியே கால் வந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு கிணற்றங்கரை வரை நடந்தாள். பேச்சும் தெளிந்தது. ஆனால் கை வரவில்லை, ஆளும் வரவில்லை. நான் வைத்த மீன்குழம்பில் உப்பே இல்லை. "இருக்கட்டும்," என்றாள். சேலையைக் கோணலாகச் சுற்றிவிட்டேன். "இருக்கட்டும்." எத்தனையோ வருஷமாக என்னிடம் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவள். அந்தச் சத்தம் இல்லாத வீடு, பம்பு நின்றுபோன தோட்டம் மாதிரி இருந்தது.

மூன்றாவது புத்தகம் பாதியில் கிடந்தது. ஊசியே தொட்டிராதவர்களுக்கான புத்தகம். ஒவ்வொரு தையலுக்கும் ஒரு மாதிரித் துண்டு தைத்துப் படம் எடுக்க வேண்டும். பதிப்பகத்துக்காரர் போனில் அன்பாகத்தான் பேசினார். வேறு யாரையாவது வைத்து மாதிரிகளைத் தைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். "ஆராவது செய்யட்டும்," என்று போனை ஷீபாவிடம் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஷீபாவுக்கு நன்றாகத் தைக்கத் தெரியும். அதுதான் தொல்லை. தெரிந்தவர் தைத்தால் எழுத்தில் உள்ள பிசகு தெரியாது, கை தானாகச் சரிசெய்துவிடும் என்பது அவளுடைய அம்மா வைத்த விதி. ஒன்றும் தெரியாத ஒருவர் எழுதினதை மட்டும் கேட்டுத் தைக்க வேண்டும், எழுதினவள் வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். ஆனால் எங்கள் கொல்லயில் ஊர்ப் பக்கத்தில் தெரியாத பெண்ணுக்கு எங்கே போவது? எல்லாருக்கும் இவள்தானே சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

ஷீபா என்னைப் பார்த்தாள். நான் கோழியைப் பார்த்தேன்.

"அப்பா, ஒங்களத்தான்."

"எனக்க கையப் பாரு மக்கா. வாழக்கன்னு தோண்டுற கையாக்கும்."

"அதுதான் வேணும்."

அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தாள். ஊசியில் நூல் கோக்கவே அரைப்பொழுது போயிற்று. ஷீபா எழுதினதை வாசித்தாள். ஊசியைக் கீழேயிருந்து மேலே எடுங்கள். எடுத்தேன். கோட்டின் மேல் ஒரு நெல் நீளம் தள்ளிக் குத்துங்கள். குத்தினேன். நூலை இறுக்கமாக இழுங்கள். இழுத்தேன்.

காற்றுக்குச் சாயாமல் வாழைக்கு ஊணுகம்பு கொடுத்துக் கட்டும்போது இழுப்போமே, அந்த இழுப்பு. துணி சுருக்குப்பை மாதிரி சுருங்கிப்போயிற்று. முடிவில் நூல் அவிழாமல் இருக்க, வாழைக்குப் போடுகிற கெட்டு முடிச்சையே ஒன்றுக்கு இரண்டாகப் போட்டேன்.

கட்டிலில் ஒரு சத்தம் கேட்டது. பயந்து திரும்பினேன். லில்லிபாய் சிரிக்கிறாள். பாதி வாய்தான் சிரிக்கிறது. மறுபாதி எப்படியாவது சேர்ந்துகொள்ளப் பார்க்கிறது. கண்ணில் தண்ணீர்.

"சவம், அது துணியாக்கும்! மழக்காத்தா வருது? என்னத்துக்கு இந்தக் கெட்டு?"

"நீதானட்டி எழுதியிருக்க, இறுக்கமா இழுக்கணும்னு."

அவள் சிரிப்பு நின்றது. "இஞ்ச கொண்டு வாங்க," என்று இடது கையை நீட்டினாள். திருப்பினாள். பின்பக்கம் பார்த்தாள்.

"ஷீபா, அந்த வரிய வெட்டு. அவரு செய்தது செரியாக்கும், நான் எழுதினதுதான் சீத்த. இப்பிடி எழுது. துணி சுருங்காத அளவுக்கு நூலை மெல்ல இழுங்கள்."

அன்றைக்கு ராத்திரி குழம்பில் புளி கூடிப்போச்சு என்றாள். நான் மூன்று கரண்டி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அப்படித்தான் வேலை ஆரம்பமாயிற்று. ஷீபா வேலைக்குப் போகிற நாளில் பாடத்தைப் போனில் பேசிப் பதிந்து வைத்துவிட்டுப் போவாள். நான் தப்பாகத் தைப்பேன். என் தப்பு ஒவ்வொன்றும் ஒரு வரியைத் திருத்தும். வலது பக்கம் என்று எழுதியிருந்தாள். எந்த வலது, எனக்கா துணிக்கா என்று கேட்டேன். புத்தகத்தில் இரண்டு பக்கம் திருத்தினாள். ஊசிக் காது எது என்று நான் கேட்டதற்குப் புதிதாக ஒரு அத்தியாயமே வந்தது.

சட்டத்தை அவள் இடது கையால் பிடிப்பாள். அவள் வலது கையை நான் தூக்கித் துணியின் ஓரத்தில் வைப்பேன். முதலில் அது வெறும் பாரமாக, மேஜையில் வைத்த கல் மாதிரிக் கிடந்தது. பிசியோதெரபி (தசைக்குக் கொடுக்கிற பயிற்சி) சொல்லித்தர வருகிற பெண் இதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். பழைய வழி அடைபட்டால் மூளை புது வழி வெட்டிக்கொள்ளுமாம். கைக்குப் பிரியமான வேலையைக் காட்டிக்கொண்டே இருந்தால் வழி சீக்கிரம் கிடைக்குமாம். அவசரப்பட்டு உதவாதீர்கள் என்றும் சொன்னாள். இதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. லில்லிபாய் டம்ளரைப் பிடிக்கத் தடவும்போது என் கை முந்திப் போகும். அதை என் மடியிலேயே அமுக்கி வைத்துக்கொள்ளப் படித்தேன்.

சந்தையில் பழைய கூட்டாளிகள் விடவில்லை. "எலே நேசையா, எனக்கொரு பிளவுசு தச்சுத் தருவியா?" என்றான் ஒருத்தன்.

"ஒனக்க வயித்துக்கு நூல் காணாதே மக்கா," என்றேன்.

நேரம் பார்ப்பதும் மாறிப்போயிற்று. விரல் நுனியிலிருந்து முழங்கை வரை அளந்து வெட்டினால் ஒரு நூல். ஒரு நூல் தைத்தால் அவள் விரல்களை நீட்டி மடக்குகிற பயிற்சி. இன்னொரு நூலுக்கு இரத்த அழுத்த மாத்திரை. அடுத்த நூலுக்குப் பால் விடாத கட்டன் சாயா. எத்தனை மாசம் ஆச்சு என்று சொந்தக்காரர் கேட்டால் இரண்டு பேருக்கும் பதில் தெரியாது.

வாழை குலை தள்ளின காலம். கடைசி மாதிரி, சங்கிலித் தையல். கண்ணிக்குள் கண்ணியாகப் போக வேண்டும். பாதிக் கோடு முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். திரும்பி வந்தால், ஊசி அவளுடைய வலது கையில் இருக்கிறது. கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் நடுங்குகின்றன. நான் வாசல்படியிலேயே நின்றுவிட்டேன். வெளியே குயில் கூவினதற்குக்கூட எனக்குக் கோபம் வந்தது. ஒரு கண்ணி விழுந்தது. ரொம்பப் பொறுத்து இன்னொன்று. மூன்றாவதைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். நெற்றியெல்லாம் வியர்வை.

மூன்றும் மூன்று திசைக்குப் பார்த்துக்கொண்டிருந்தன. என் கண்ணுக்கு ஆலயத்து விரிப்பில் உள்ள திராட்சையைவிட அழகு. ஷீபா வந்ததும் போனில் படம் எடுத்தாள். கட்டிப்பிடித்து அழுதாள். "அம்மா, இது புஸ்தகத்துல கடைசிப் பக்கத்துல அப்பிடியே வரணும்," என்றாள்.

லில்லிபாய் துணியைத் திருப்பினாள்.

"பிரியுங்க," என்றாள் என்னிடம்.

நான் சட்டத்தைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். "இருக்கட்டும்ட்டி."

"என்னத்துக்கு இருக்கணும்?"

"நீ நோயும் சோக்கேடும் மாறித் தச்சதுல்லா?"

"சோக்கேடு எனக்குத்தானே, சங்கிலிக்கு இல்லியே. வாசிக்கிற பிள்ள இதப் பாத்துத் தச்சா அதுக்கும் இப்பிடித்தான் வரும். பிரிச்சுக் களயுங்க. பைய இழுக்கணும், துணி கிழியப்பிடாது. இஞ்ச கொண்டு வாங்க, நான் பாக்கணும்."

ஊசியின் காதுப் பக்கத்தை நூலுக்கு அடியில் கொடுத்து, அவள் சொல்லித்தந்தபடி ஒவ்வொரு கண்ணியாக எடுத்தேன். எவ்வளவோ ஜெபித்துக் கிடைத்த மூன்று கண்ணிகளை நானே என் கையால் பிரிக்கிறேன், என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பழைய லில்லிபாய் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தது அந்த நேரத்தில்தான்.

அவள் மறுபடி மூன்று போட்டாள். அதையும் பிரிக்கச் சொன்னாள். இப்போது புத்தகம் அச்சில் இருக்கிறது. கடைசிப் பக்கத்துச் சங்கிலி முழுவதும் அவளுடையது. எத்தனை முறை பிரித்தோம் என்று கேட்காதீர்கள்.

இப்போதும் அவளுடைய வலது கை சாயங்காலமானால் கனக்கிறது. அதைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொள்வேன். எந்தக் கை யாருடையது என்று கொஞ்ச நேரத்துக்கு இரண்டு பேருக்குமே கணக்கு இருக்காது. காலையில் தோட்டத்துக்குப் போய் வாழைக்கு ஊணு கொடுக்கும்போது, என் கை தானாகவே கயிற்றைத் துணி சுருங்காத அளவுக்கு மெல்ல இழுக்கிறது. கெட்டுப் போட்டதும் சுற்றிப்போய்ப் பின்பக்கம் பார்க்கிறேன். சில நாள், யாரும் சொல்லாமலேயே, அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டுகிறேன்.